எழ விடும் இருக்கை

நாற்காலி வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் அதில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். எழுந்து பார்க்கிறவர்கள் குறைவு. இருக்கை செய்தவரின் கைத்திறன் அந்த இரண்டாவது காரியத்தில்தான் தெரியும். உட்காரும்போது பூமியின் இழுப்பு நமக்குத் துணை. எப்படிப்பட்ட பலகையும் போதும். எழும்போது பாதம் முழங்காலுக்குப் பின்னால் வர வேண்டும், உடம்பு முன்னால் சாய வேண்டும், இடுப்பில் இருந்த எடை முழுவதும் பாதத்துக்கு இறங்க வேண்டும். இத்தனைக்கும் வழிவிடுவதை நான் நல்ல இருக்கை என்பேன்.

மயிலாப்பூரின் பழைய வீடுகளில் கூடத்தை ஆண்டது ஈஸி சேர். அதன் வேலைப்பாட்டில் எனக்குத் தீராத ஆசை உண்டு. தேக்குச் சட்டம். மேலும் கீழும் கழியில் செருகிய கித்தான். ஆணி கிடையாது, உருவித் துவைத்து மறுபடி மாட்டலாம். சாய்மானத்தைக் கூட்டவும் குறைக்கவும் பின்சட்டத்தில் பல் வெட்டியிருக்கும். சிலவற்றில் கைப்பிடிக்கு அடியிலிருந்து திருப்பி நீட்டினால் கால் போட இரண்டு பலகைகள். ஓய்வுக்கு இதைவிட நல்ல ஒன்றைச் செய்துவிட முடியாது. ஆனால் அதில் இடுப்பு முழங்காலைவிடக் கீழே போய்விடுகிறது. எழ வேண்டுமானால் கைப்பிடியைப் பற்றி மல்லுக்கட்ட வேண்டும், இல்லையென்றால் யாராவது கை கொடுக்க வேண்டும். வக்கீல்களும் நீதிபதிகளும் குடியிருந்த ஊர் மயிலாப்பூர். காப்பி இருந்த இடத்துக்கு வந்துவிடும் குடும்பத் தலைவருக்காகவே வாய்த்த நாற்காலி அது.

அந்தக் காப்பி வந்த சமையலறையில் இருந்த இருக்கை வேறு. தமிழ் வீடுகளில் புழங்கிய இருக்கைகளிலேயே அறிவு மிகுந்தது எது என்று கேட்டால், தயங்காமல் அரிவாள்மணையைச் சொல்வேன். அதை வெட்டும் கருவி என்றே நினைத்துப் பழகிவிட்டோம். ஒருமுறை அதை இருக்கையாகப் பாருங்கள். கனத்த பலகை, ஒரு முனையில் வளைந்து நிமிர்ந்த இரும்பு அலகு, கூர் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்திருக்கும், அலகின் உச்சியில் தேங்காய் துருவப் பல் வைத்த வட்டம். பலகையில் உட்கார்ந்தாலும் சரி, ஒரு காலை மடித்து அதன் மேல் அழுத்தினாலும் சரி, உடம்பின் எடையே கருவியைத் தரையோடு பிடித்துக்கொள்கிறது. தச்சுப் பட்டறையில் இதற்குத் தனியாக ஒரு பிடிப்பான் வேண்டும். இங்கே உட்கார்ந்திருப்பவரே பிடிப்பான். அதனால் இரண்டு கையும் காய்க்குக் கிடைக்கிறது. கத்தியில் காய் நிற்க, கூர் நகர்கிறது. ஒரு கை பிடிப்பதிலேயே போய்விடும். இதில் கூர் நிற்க, காய் நகர்கிறது. பொடிப்பொடியாக நறுக்க வேண்டிய வாழைப்பூவும் பிளக்க வேண்டிய பூசணிக்காயும் ஒரே அலகுக்கு அடங்குவது இதனால்தான். வங்காளத்துப் பொட்டியும் மராட்டியத்து விளியும் இதே குடும்பம். மாட வீதிப் பாத்திரக் கடைகளில் இன்றும் கிடைக்கிறது. அலகு கீலில் மடிந்து பலகை மேல் படுத்துக்கொள்ளும் வகையைத் தேடி வாங்குவது நல்லது.

தரையிலிருந்து எழுவது மூட்டுக்குக் கஷ்டம் என்பது உண்மைதான். சமையல் மேடை வந்ததும் பலர் நிம்மதியாக நின்று சமைக்கத் தொடங்கியதற்கு நியாயம் உண்டு. ஆனாலும் தினம் தரையில் உட்கார்ந்து எழுந்த உடம்பு சேர்த்துவைக்கும் வலு தனி. பிரேசில் மருத்துவர்கள் 51 முதல் 80 வயது வரையிலான சுமார் 2,000 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லிப் பார்த்து, ஆண்டுக்கணக்கில் கவனித்து, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். கையையோ முழங்காலையோ ஊன்றாமல் எழ முடிந்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது.

முக்காலி எளிமையானது. மூன்று கால் எந்தக் குண்டும் குழியுமான தரையிலும் ஆடாது. நான்காவது கால் வந்தால்தான் அட்டைத் துண்டு மடித்து வைக்க வேண்டிவரும். அடியில் திறந்திருப்பதால் பாதம் உள்ளே போக இடம் உண்டு, எழுவது சுலபம். தரைவரை அடைத்துத் தைத்த சோபாக்கள் இந்த இடத்தைத்தான் பறித்துக்கொள்கின்றன. இன்றைய பிளாஸ்டிக் ஸ்டூலின் நடுவில் இருக்கும் வட்ட ஓட்டையையும் அலங்காரம் என்று நினைக்க வேண்டாம்: அடுக்கும்போது நடுவில் சிக்கும் காற்று அதன் வழியே போகிறது, விரல் விட்டுத் தூக்கவும் முடிகிறது.

சபா நாற்காலி இன்னொரு படி மேல். ஆள் எழுந்ததும் பலகையும் தானே எழுந்துகொள்கிறது. டிசம்பர் மாதத்துக் கச்சேரி நெரிசலில், வரிசை நடுவிலிருந்து ஒருவர் வெளியே போக அந்த ஓரடி இடம்தான் வழி. இப்படி மடங்கும் பலகையின் அடியில் இடைக்கால ஐரோப்பியத் தேவாலயங்களில் ஒரு சிறு விளிம்பு செதுக்கியிருப்பார்கள். மிசெரிகார்ட் என்று பெயர். மணிக்கணக்கில் நின்று வழிபட வேண்டிய துறவிகள், பலகை மடங்கியிருக்கும்போது அந்த விளிம்பில் இடுப்பைச் சாய்த்துக்கொள்ளலாம். பார்க்கிறவருக்கு நிற்பது போலவே இருக்கும். காலுக்கு மட்டும் தெரியும் பாதி பாரம் இறங்கியது.

தி. நகருக்கு வரும்போதெல்லாம் அந்த விளிம்பு என் நினைவுக்கு வருகிறது. ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் புடவை விரித்துக் காட்டுகிறவர்கள் காலையிலிருந்து கடை அடைக்கும்வரை நின்ற கதையை வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ படம் 2010-இல் ஊருக்கே காட்டியது. கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் போராடி, 2018-இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்க வைத்தார்கள். தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்துக்கு மசோதா வந்தது. 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்கிறது அது. எப்படிப்பட்ட இருக்கை என்பதில்தான் கலை இருக்கிறது. சாதாரண பிளாஸ்டிக் ஸ்டூலின் உயரம் ஒன்றரை அடி. மூன்றடி மேசைக்குப் பின்னால் அதில் உட்கார்ந்தால், வாடிக்கையாளர் வந்ததும் முழு உடம்பையும் தூக்கி எழ வேண்டும். ஒரு நாளைக்கு நூறு தடவை யார் எழுவார்கள்? நிற்பதே மேல் என்றுதான் தோன்றும்.

எழுவதை ஒரு பிரச்சினையாக எடுத்துக்கொண்டு தீர்த்தவர்கள் அடையாறுப் பக்கம் இருக்கிறார்கள். சென்னை ஐஐடியில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில் இயங்கும் டிடிகே மறுவாழ்வு ஆராய்ச்சி மையம் 2019 நவம்பரில் ‘அரைஸ்’ என்ற வீல்சேரைக் கொண்டுவந்தது. சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரிப்பு, வெல்கம் டிரஸ்ட் ஆதரவு. இதில் இருப்பவர் பிறர் கையை எதிர்பார்க்காமல் உட்கார்ந்த நிலையிலிருந்து நின்ற நிலைக்குத் தானே வரலாம், திரும்ப உட்காரலாம். நாள் முழுதும் உட்கார்ந்தே இருக்கும் உடம்பில் படுக்கைப்புண் வரும், எலும்பு வலுவிழக்கும், ரத்த ஓட்டமும் செரிமானமும் மந்தமாகும். நின்றால் இதெல்லாம் தணிகிறது. எதிரில் நிற்பவரின் கண்ணுக்கு நேராகப் பேசுவது இன்னொரு லாபம், அதை எந்த மருத்துவச் சீட்டிலும் எழுத முடியாது. அங்கேயே பிறந்த நியோமோஷன் நிறுவனம் 2021-இல் ‘நியோஃபிளை’யைக் கொண்டுவந்தது, உட்காருபவரின் உடம்பை அளந்து 18 வகையில் மாற்றிக்கொள்ளலாம். தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பது போல நாற்காலிக்கு அளவெடுக்கிறார்கள். முன்னால் ‘நியோபோல்ட்’டை மாட்டிவிட்டால் அதுவே மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை போகும் மின்வண்டி.

பனகல் பூங்காவிலிருந்து அந்த வளாகம் ஐந்தாறு கிலோமீட்டர் தூரம்தான். அந்த அளவுநாடாவோடு யாராவது ஒரு நாள் உஸ்மான் சாலைக்கு வர வேண்டும் என்பது என் ஆசை. புடவை மேசைக்குப் பின்னால் இருக்கும் குறுகிய இடத்துக்கு ஏற்ற, இரண்டேகால் அடி உயரத்தில், முன்பக்கம் சற்றே சரிந்த ஒரு பலகை. காலூன்ற ஒரு வளையம். ஆள் எழுந்ததும் மேசைக்கு அடியில் தானே மடங்கிக்கொள்ள ஒரு கீல். பாதி உட்கார்ந்து பாதி நின்றபடி, வாடிக்கையாளர் வந்ததும் ஒரே அசைவில் எழுந்து அவர்கள் புடவையை விரிக்கலாம்.