எந்தத் தெரு என்று கேட்காத ஊர்கள்

"மாமா, அடுத்து எத எடுக்குறது?" என்று அக்கா மகன் கேட்டு ஒரு மாதமாகிறது. அவன் கேட்டது புத்தகத்தை அல்ல. ஜப்பானிலிருந்து வந்த பாத்திரமேற்பு ஆட்டங்களை. ரோல்-பிளேயிங் கேம் என்று பையன்கள் சொல்கிறார்களே, அவற்றை. திரையில் ஒரு பாத்திரமாக நின்று ஊர் ஊராக நடந்து, ஊராரிடம் பேசி, சண்டை போட்டு, நாற்பது ஐம்பது மணி நேரத்தில் முடிக்கிற நெடுங்கதைகள் அவை. நாங்கள் இருவரும் சேர்ந்து இதுவரை இரண்டை முடித்திருக்கிறோம். 1997இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 7', 1992இல் வந்த 'டிராகன் குவெஸ்ட் 5'. மூன்றாவது எது என்பதில்தான் தகராறு. அவன் 'குரோனோ டிரிக்கர்' (1995) என்கிறான். நான் 'மதர் 3' (2006) என்கிறேன்.

மாமனும் மருமகனும் போடும் சண்டையைச் சிறுபத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். வெகுசன சினிமாவைப் பற்றி எழுதத் தொடங்கியபோதும் இந்தக் கேள்வி வந்தது. ஒரு மனிதனை ஐம்பது மணி நேரம் உட்கார வைத்து, ஒரு உலகத்துக்குள் நடக்கவிட்டு, அதன் நியாயங்களை அவன் விரலாலேயே செய்ய வைக்கிற பிரதி இது. நாவலில் வாசகன் கொலையைப் படிக்கிறான். இங்கே பொத்தானை அழுத்துகிறான். இதைப் 'பொழுதுபோக்கு' என்று தள்ளிவிட்டு நாம் நாவல்களைக் கட்டுடைத்துக்கொண்டிருப்பது ஒருவித வசதிதான்.

மருமகனின் தேர்வுக்குக் காரணம் ஒரு பட்டியல். சிறந்த பத்து, சிறந்த ஐம்பது என்று எங்கே தேடினாலும் 'குரோனோ டிரிக்கர்' முதல் சில இடங்களுக்குள் இருக்கிறது. பட்டியல் நமக்குப் புதிதல்ல. க.நா.சு. போட்ட பட்டியல்களோடு மல்லுக்கு நின்றுதான் தமிழில் ஒரு தலைமுறையே விமர்சனம் பழகிற்று. யார் உள்ளே, யார் வெளியே என்பதைவிட, எந்த வாசலில் நின்றுகொண்டு அவர் உள்ளே வெளியே என்றார் என்பதே அப்போது கேட்கப்பட்ட கேள்வி. இங்கும் அதையே கேட்கலாம்.

இந்த ஆட்டங்களின் 'செவ்வியல்' பட்டியல் பெரும்பாலும் அமெரிக்கச் சந்தை போட்டது. ஜப்பானில் 1992இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 5' அதிகாரபூர்வமாக ஆங்கிலத்துக்கு வந்தது 1999இல். நாலாவது ஆட்டம் 1991இல் அமெரிக்காவுக்குப் போனபோது அதற்கு '2' என்று பெயர். ஆறாவதுக்கு 1994இல் '3'. இடையில் இருந்தவை இல்லாமலே போயின. நாங்கள் ஆடிய 'டிராகன் குவெஸ்ட் 5' பதினேழு வருஷம் காத்திருந்து 2009இல்தான் ஆங்கிலம் கண்டது. ஒரு அமெரிக்கப் பையன் 1990களில் எதை ஆட முடிந்ததோ, எதை வளர்ந்த பிறகு ஏக்கத்தோடு நினைத்துக்கொண்டானோ, அதுதான் உலகப் பொது ரசனை என்று துறையூர் வரை வந்து சேர்ந்திருக்கிறது. நமக்கு அந்த ஏக்கமும் கிடையாது. என் பள்ளிக்கூட நாட்களில் இங்கே டி.வி. கேம் என்றால் ஒரு போலிப் பெட்டியும், 9999 ஆட்டம் என்று பொய் எழுதிய ஒரு மஞ்சள் கேசட்டும்தான். அதில் மரியோ உண்டு, கான்ட்ரா உண்டு. பாதியில் நிறுத்திச் சேமித்து வைத்து மறுநாள் தொடர்கிற ஆட்டம் ஒன்றுகூட இல்லை. அதற்குக் கேசட்டுக்குள் பேட்டரி வைக்க வேண்டும். போலியில் யார் வைப்பார்கள்? கரண்ட் போனால் எல்லாம் முதலிலிருந்து.

சந்தை கைவிட்டதை எடுத்துச் செய்தவர்கள் ரசிகர்கள். காசு வாங்காமல், கம்பெனியைக் கேட்காமல், ஆட்டத்தின் கோப்பைப் பிரித்து ஜப்பானிய வரிகளை எடுத்துவிட்டு ஆங்கில வரிகளைச் செருகினார்கள். அந்த மாற்றத்தை மட்டும் 'பேட்ச்' என்ற சிறு கோப்பாக வெளியிட்டார்கள். 'ஃபைனல் ஃபேன்டஸி 5' 1998இல் இப்படித்தான் முதலில் ஆங்கிலத்தில் முழுமையாகப் படிக்கக் கிடைத்தது. 'மதர் 3'க்கு இன்றுவரை இது ஒன்றுதான் வழி. தொழில்முறை மொழிபெயர்ப்பாளரான கிளைட் மேண்டலின் முன்னின்று செய்த ரசிகர் மொழிபெயர்ப்பு 2008 அக்டோபரில் வந்தது. தன் மொழிபெயர்ப்பை இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று 2013இல் அவர் நின்டெண்டோவுக்குச் சொல்லியும் பார்த்தார். 2024 பிப்ரவரியில் அந்தக் கம்பெனி ஆட்டத்தை மறுபடி வெளியிட்டபோது அது ஜப்பானுக்கு மட்டும், ஜப்பானிய மொழியில் மட்டும். கல்குதிரை மார்க்வெஸுக்குச் சிறப்பிதழ் போட்டதை நினைத்துக்கொள்கிறேன். யாரும் கேட்கவில்லை, யாரும் காசு கொடுக்கவில்லை, மூலமொழியும் நம்மிடம் இல்லை, ஆனாலும் வந்தது. எனக்கு 'மதர் 3' மேல் முதல் சாய்வு இதனால்தான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சாய்வு காரணம் ஆகாது.

காரணம் ஒரு கதவிலிருந்து தொடங்குகிறது.

'டிராகன் குவெஸ்ட்' வரிசையில் நாயகன் எந்த ஊருக்குள்ளும் நுழைகிறான். எந்த வீட்டுக்குள்ளும் தட்டாமல் போகிறான். அலமாரியைத் திறக்கிறான், பானையை உடைக்கிறான், உள்ளே இருக்கும் காசை எடுத்துக்கொள்கிறான். வீட்டுக்காரி கோபிப்பதில்லை; ஊர்ச் செய்தி ஒன்றைச் சொல்கிறாள். ஆங்கிலத்தில் இது காலகாலமாக ஒரு நகைச்சுவை. கதாநாயகன் திருடன் என்று கேலி செய்வார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் நாள் இரவு ஆடியபோது என்னை உலுக்கியது, அந்த ஊர்களில் ஒருவர்கூட 'நீங்க யாரு, எந்த ஊரு, அங்க எந்தத் தெரு' என்று கேட்கவில்லை என்பதுதான். தெருப் பெயரைக் கேட்டால் எதைக் கேட்கிறார்கள் என்பது இந்தப் பக்கம் வளர்ந்த யாருக்கும் தெரியும். பூட்டிய கதவுகள் அங்கும் உண்டு. திறக்கச் சாவி வேண்டும், அவ்வளவே.

ஆனால் இந்தச் சுதந்திரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். 1986இல் வந்த முதல் 'டிராகன் குவெஸ்ட்'டின் நாயகன் ஒரு மாவீரனின் வம்சத்தில் வந்தவன். 1987இல் வந்த இரண்டாவதில் அதே வம்சத்து வாரிசுகள் மூவர். 1988இல் வந்த மூன்றாவதில் அந்த மூதாதையே நாம்தான் என்று கடைசியில் தெரிகிறது. மூன்று ஆட்டமும் சேர்ந்து ஒரு வம்சாவளிப் புராணம். எல்லாக் கதவும் திறப்பது அவன் மனிதன் என்பதால் அல்ல, இரத்தத்தால். ஐந்தாவது ஆட்டம் இதைக் கலைப்பதுபோலத் தொடங்குகிறது. நாயகன் அப்பனோடு நாடோடியாக அலையும் சிறுவன். அப்பனைக் கொன்றுவிட்டுச் சிறுவனை அடிமையாக இழுத்துப்போய், ஒரு மதக் கூட்டத்துக்காக மலையுச்சியில் கோயில் கட்டக் கல் சுமக்க விடுகிறார்கள். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் 1987இல் கட்டி முடிக்கப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். யார் முடித்துவைத்தார்கள் என்பதும் தெரியும். கல் ஏற்றியவர்களைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறோமா? அந்த இடத்தில் நானும் மருமகனும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

அடுத்து வருவது ஒரு இருட்டு. பத்து ஆண்டுகள் கழிந்தன என்று ஒரு அறிவிப்பு.

இந்த ஆட்டங்கள் எதையும் சும்மா தருவதில்லை. ஒரே காட்டில் ஒரே பூச்சிகளை நூறு தடவை அடித்தால்தான் அனுபவப் புள்ளி சேரும், அடுத்த நிலைக்கு ஏறலாம். உழைப்பைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்து அதற்குக் கணக்கு வைப்பதே இந்த வடிவத்தின் அடிப்படை. அப்படிப்பட்ட வடிவம் பத்து ஆண்டு அடிமை உழைப்பை மட்டும் ஒரு வரியில் தாண்டுகிறது. வாள் வீச்சு எண்ணப்படுகிறது. சுமந்த கல் எண்ணப்படவில்லை. கொஞ்ச நேரம் அந்த வேலைத்தளத்தில் நடக்கலாம், மற்ற அடிமைகளிடம் பேசலாம். பிறகு ஒரு பீப்பாய்க்குள் ஒளிந்து தப்பித்தாயிற்று. போதாக்குறைக்கு, பின்னால் தெரியவருகிறது அவன் அப்பன் ஒரு அரசன் என்று. இது நமக்குத் தெரிந்த வேலை. சக்கிலியர் வளர்த்த மதுரை வீரனைக் கதைப்பாடல் காசி ராஜன் மகனாக்கியது, 1956இல் எம்.ஜி.ஆர். படமும் அதையே திரையில் உறுதி செய்தது. அடிமையின் வீரத்தைச் சகித்துக்கொள்ள அவனுக்கு ஒரு அரண்மனைப் பிறப்பைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது, ஜப்பானிலும் சரி, இங்கும் சரி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வரிசைக்கு இசையமைத்த கோயிச்சி சுகியாமா, 2007இல் வாஷிங்டன் போஸ்ட்டில் வந்த ஒரு விளம்பரத்தில் கையெழுத்திட்டவர். போர்க்காலத்தில் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களை ஜப்பானிய ராணுவம் கட்டாயப்படுத்தவில்லை என்று வாதிட்ட விளம்பரம் அது. 2021இல் இறந்தார். ஆசிரியன் வேறு, பிரதி வேறு என்று நாம் படித்த பாடத்தை இங்கே ஒப்பிக்கலாம்தான். அடிமைச் சிறுவனின் கதைக்குப் பின்னால் அந்தக் கையின் இசை ஓடும்போது எனக்கு ஒப்பிக்க வரவில்லை. இசை நன்றாகவும் இருக்கிறது, அதுதான் சங்கடம்.

மருமகன் விடவில்லை. "சாதி பத்திதான கேக்குற? குரோனோ டிரிக்கர்ல அது இருக்கு" என்றான். உண்மைதான். அதில் ஸீல் என்றொரு பழைய ராஜ்ஜியம். மந்திரம் தெரிந்தவர்கள் வானத்தில் மிதக்கும் தீவுகளில் வாழ்கிறார்கள்; தெரியாதவர்கள் கீழே பனிக்குகைகளில். 'ஃபைனல் ஃபேன்டஸி 7'இன் மிட்கார் நகரமும் அப்படியே. தூண்கள் மேல் நிற்கும் இரும்புத் தட்டில் வசதியானவர்கள், தட்டுக்கு அடியில் சூரியன் படாத சேரிகள். மின்சாரக் கம்பெனி தன்னை எதிர்க்கும் குழுவை ஒழிக்க ஒரு பகுதியின் தட்டையே இடித்து அடியிலிருந்த மக்கள்மேல் விழச் செய்கிறது. அந்தக் காட்சியை ஆடி முடித்த இரவு நான் தூங்கவில்லை. ஆனால் இந்த இரண்டு கற்பனைகளும் ஏற்றத்தாழ்வை மேல்-கீழ் என்று செங்குத்தாகவே யோசிக்கின்றன. செங்குத்தாக இருப்பது ஒருநாள் விழும். ஸீலும் கடலில் விழுகிறது. கீழே நிற்பவனுக்குத் தன் தலைக்கு மேல் எது நிற்கிறது என்று தெரிகிறது.

நம்முடையது படுக்கை வசமானது. ஸ்ரீரங்கத்தில் ஏழு திருச்சுற்று. நடுவில் பெருமாள், உள்சுற்று வீதிகளில் அக்ரகாரம், வெளியே போகப் போக மற்றவர்கள். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறி மண்ணச்சநல்லூர், புலிவலம் வழியாகத் துறையூர் வரும் வரை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். ஊரும் காலனியும் ஒரே மட்டத்தில், ஒரே வெயிலில், நடுவே ஒரு வாய்க்காலோ ஒரு வயலோ விட்டுப் பிரிந்து கிடக்கின்றன. இங்கே விழுத்துவதற்குத் தட்டு ஒன்றும் இல்லை. இதைச் செங்குத்துக் கற்பனையால் தொட முடியாது என்பதே மருமகனுக்கு நான் சொன்ன பதில். (அவன் ஒத்துக்கொள்ளவில்லை. பச்சைமலைக்கு மேலே இருக்கிறவர்கள் மலையாளிகள், கீழே இருப்பது நாம், அப்போது அதுவும் செங்குத்துதானே என்று மடக்கினான். யோசிக்க வேண்டிய கேள்வி.)

'மதர் 3'ஐ எழுதியவர் விளம்பர வாசகங்கள் எழுதிப் பேர் வாங்கிய ஷிகெசாதோ இதோய். நான் இன்னும் ஆடவில்லை. கதை முழுவதும் படித்துவிட்டேன்; பாரதக் கதை தெரிந்துகொண்டுதானே விடிய விடியக் கூத்துப் பார்க்கிறோம். டாஸ்மிலி என்று ஒரு கிராமம். அங்கே காசு என்பதே இல்லை. பன்றி முகமூடிப் படையொன்று வருகிறது. பின்னால் காசு வருகிறது, 'மகிழ்ச்சிப் பெட்டி' என்று டி.வி. போல ஒன்று வீட்டுக்கு வீடு வருகிறது. மூன்று வருஷம் கழித்து நாம் அதே ஊருக்குள் மறுபடி நடக்கிறோம். வழக்கமான ஆட்டங்களில் ஊர் என்பது நாயகன் படுத்து எழுந்து, கத்தி வாங்கிக்கொண்டு கிளம்பிப் போகிற இடம். ஊர்க்காரனுக்கு ஒரு வரிதான் வசனம். எத்தனை தடவை கேட்டாலும் அதையே சொல்வான். நாமெல்லாம் அந்த ஒருவரி மனிதர்கள். திருச்சிக்கும் சென்னைக்கும் போகிறவர்கள் கடந்து போகிற ஊரில் நிற்பவர்கள். இங்கே ஊரே பாத்திரமாகிறது. போகிறவன் கண்ணால் இல்லாமல் இருக்கிறவன் கண்ணால் மாற்றத்தைப் பார்க்கச் சொல்கிறது.

எனக்குத் தடையும் இங்கேதான் இருந்தது. காசில்லாத, கள்ளமில்லாத கிராமம் என்றதும் காந்தி நினைவுக்கு வருகிறார். உடனே அம்பேத்கர் நினைவுக்கு வருகிறார். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தை அறியாமையின், குறுகிய மனத்தின் பொந்து என்ற பொருளில் அவர் பேசியதற்குப் பிறகு, கிராமப் பொற்காலத்தை எப்படி ரசிப்பது? பணம் வந்துதான் கெட்டது என்பவனிடம், பணம் வருவதற்கு முன் யார் எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள் என்று கேட்க வேண்டாமா? டவுனுக்குப் போய் நாலு காசு சம்பாதித்ததால்தான் நிமிர்ந்த முதுகுகள் இந்தப் பக்கம் எத்தனை!

ஆனால் ஆட்டம் அந்தப் பொற்காலத்தைத் தானே கலைக்கிறதாம். அழிந்துபோன ஒரு உலகத்திலிருந்து கப்பலில் வந்தவர்கள் அவர்கள். தங்கள் நினைவுகளை ஒரு முட்டைக்குள் வைத்துவிட்டு, நீ இன்னார், நீ இன்னார் என்று பாத்திரம் பிரித்துக்கொண்டு, கள்ளமில்லாத கிராமத்தவர்களாக நடித்து, நடிக்கிறோம் என்பதையும் மறந்துபோனவர்கள். கிராமத்தின் களங்கமின்மை ஒரு கூட்டு மறதி. பிரித்துக் கொடுத்த பாத்திரம் காலப்போக்கில் பிறவிக் குணமாகிறது. சாதியைப் பற்றி ஜப்பானியர் ஒருவர் எதுவும் எழுத நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். வாசிப்பு எழுதியவரின் நினைப்போடு நின்றுவிட வேண்டியதில்லை. அந்த முட்டை உடையும் இடத்தில் நான் என்ன செய்கிறேன் என்று பார்க்க வேண்டும். ஐம்பது மணி நேரத்தை அதற்குத் தரலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மருமகன் இறங்கி வந்தான். அடுத்தது என் முறை, அதற்கடுத்தது 'குரோனோ டிரிக்கர்' என்று ஒப்பந்தம். ஆட்டம் தொடங்குமுன்பே வரிசையாகப் பெயர் கேட்கிறது: அப்பா பெயர், அம்மா பெயர், இரட்டைப் பிள்ளைகள் பெயர், நாயின் பெயர். எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் போட முடியும். நாய்க்கு மணி என்று போட்டோம். உனக்குப் பிடித்த சாப்பாடு எது என்றது. கூழ் என்றேன். அவன் கே, ஓ, ஓ, எல் என்று தட்டினான்.

"டேய், ழ எங்கடா?"

"இசட்-எச் போட்டா வெளங்காது மாமா."

"கூல்னா குளிர்ச்சின்னுல்ல அர்த்தம் வருது?"

"கம்மங்கூழும் குளிர்ச்சிதான மாமா" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டான்.