மயிற்கொன்றையின் விதை

செடியை வரைகிறவருக்கு அதன் வடிவம் மட்டும் தெரிந்தால் போதுமா, அது வளரும் விதமும் தெரிய வேண்டுமா? 300 வருடங்களுக்கு முன்பே இதற்குத் தூரிகையால் விடை தேடியவர் மரியா சிபில்லா மெரியன். 1647இல் ஃபிராங்ஃபர்ட்டில் பிறந்தவர். 1699இல், தமது 52ஆவது வயதில், இளைய மகளோடு தென்னமெரிக்காவின் சூரினாமுக்குக் கப்பலேறினார். அன்று அது ஒல்லாந்தரின் கரும்புத் தோட்ட நாடு. அதே காலத்தில் எங்கட கரையோரத்தையும் ஆண்டவர்கள் அவர்கள்தான். 1701இல் நோயோடு திரும்பிய மெரியன், 1705இல் அம்ஸ்டர்டாமில் 60 படத்தாள்களும் விளக்கமும் கொண்ட நூலை வெளியிட்டார்.

மெரியனின் வளர்ப்புத் தந்தை பூ ஓவியர். அக்கால ஓவியங்களில் பூக்கள் சாடியில்தான் நிற்கும். வெவ்வேறு பருவத்தில் பூப்பவை ஒரே சாடியில் ஒன்றாய் மலர்ந்திருக்கும். அழகுதான், ஆனால் அந்தப் பூவுக்கு நேற்றும் இல்லை, நாளையும் இல்லை. மெரியனின் தாளில் செடியோடு முட்டை, இலை தின்னும் புழு, கூட்டுப்புழு, பறக்கும் பூச்சி எல்லாம் இருக்கும். இலையில் விழுந்த ஓட்டையைக்கூட மறைக்கமாட்டார். கொய்யாக் கிளையொன்றில் எறும்புக் கூட்டமும், சின்னஞ்சிறு பறவையைப் பிடித்த பெருஞ்சிலந்தியும் இருக்கின்றன. அன்னாசி, கொய்யா, பப்பாசி, மரமுந்திரிகை, மரவள்ளி என்று எங்கட வளவுகளில் நிற்பவையெல்லாம் அமெரிக்க மண்ணிலிருந்து வந்தவை. அவற்றைப் பிறந்த வீட்டில் வைத்துப் பார்ப்பதுபோல இருக்கிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. தொல்காப்பியம் கருப்பொருளைச் சொல்லும்போது மரத்தைத் தனியே வைப்பதில்லை. உணவு, விலங்கு, பறவை, அந்நிலத்தார் செய்யும் தொழில் எல்லாவற்றோடும் சேர்த்தே வைக்கிறது. மெரியனின் தாளைத் திணைப் படம் என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். "அப்ப ஆக்கள் எங்க டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். செடியும் பூச்சியும் நிறைந்த அந்தத் தாள்களில் ஆள் இல்லை.

ஆக்கள் விளக்கவுரையில் இருக்கிறார்கள். மரவள்ளிப் படத்தின் உரை, கிழங்கைத் துருவி, பிழிந்து, ரொட்டியாகச் சுடும் முறையைச் சொல்கிறது. பச்சைச் சாறு ஆளைக் கொல்லும், காய்ச்சினால் தீங்கில்லை என்கிறது. மயிற்கொன்றைப் படத்தின் உரை நெஞ்சை உலுக்குவது. தங்கள் பிள்ளையும் அடிமையாகக் கூடாதென்று அடிமைப் பெண்கள் அதன் விதையை உண்டு கருவைக் கலைத்தார்கள். இதை அவர்களே தம்மிடம் சொன்னதாக மெரியன் எழுதுகிறார். ஒல்லாந்து எசமானர்கள் அவர்களைக் கொடுமையாக நடத்தியதையும் அவர் ஒளிக்கவில்லை.

படத்தில் அந்தப் பூ நெருப்பு நிறத்தில் சிரிக்கிறது. விதையின் கசப்பு அதில் இல்லை. இன்று அந்தப் படங்கள் சுவர் அலங்காரமாகத் தனியே அச்சாகின்றன. உரையை வெட்டிவிட்டால் மிஞ்சுவது பழைய பூச்சாடிதான்.

மெரியனையும் அப்படியே விட்டுவிட ஏலாது. காட்டில் அவருக்குப் பாதை வெட்டியவர்களும், செடியும் புழுவும் தேடிக் கொடுத்தவர்களும் அடிமைகள், பழங்குடியினர். அவர்களிடம் கேட்டறிந்ததை ஒப்புக்கொள்ளும் நேர்மை அவருக்கு உண்டு. ஆனால் ஒருவருடைய பெயரையும் எழுதவில்லை. செடிகளுக்கு இலத்தீன் பெயர்க் குறிப்புச் சேர்த்த கஸ்பர் கொமெலினின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. செடியோடு வாழ்ந்து அறிந்தவர் பெயரில்லாமல் போக, செடிக்குப் பெயர் சொன்னவர் பெயரோடு நிற்கிறார்.

சில தாள்களில் புழுவுக்கு உரிய செடி மாறியிருப்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். அதை நான் பெரிய குறையாக எடுக்கவில்லை. அந்தப் பிழையைத் திருத்தலாம். எழுதாமல் விட்ட பெயரை இனி யார் எழுதுவது?

எங்கட பாடசாலைகளில் பிள்ளைகள் செவ்வரத்தையை வெட்டுமுகமாக வரைந்து பாகங்களைக் குறிக்கிறார்கள். நல்லது. அதன் கீழே, அந்தச் செடியைப் பற்றி உம்மாவோ உம்மம்மாவோ சொன்னதை, சொன்னவரின் பெயரோடு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். படம் அப்போதுதான் நிறைவாகும்.