வீதியைப் படித்தவர்

நகர அமைப்பைப் பற்றி நிபுணர்கள் எழுதும் புத்தகங்களில் ஜனத்தொகை இருக்கும். ஜனங்கள் இருக்க மாட்டார்கள். படங்கள் இருக்கும், அம்புக்குறிகள் இருக்கும், நூறடிச் சாலையின் குறுக்குவெட்டுத் தோற்றம் இருக்கும். அந்தச் சாலையைக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கடக்கிற தாயார் மட்டும் எங்கேயும் தட்டுப்பட மாட்டாள். ஜேன் ஜேக்கப்ஸ் 1961-ல் வெளியிட்ட புத்தகம் இந்த வழக்கத்துக்கு விலக்கு. 'அமெரிக்கப் பெருநகரங்களின் சாவும் வாழ்வும்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அதில் புகைப்படமே கிடையாது. உங்களைச் சுற்றியிருக்கும் நகரத்தைப் பாருங்கள், அதுதான் படம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். கதை படிக்கிறவர்களுக்கு இந்தப் புத்தகத்தை நான் சிபாரிசு செய்வதற்கு இதுவே ஒரு காரணம்.

ஜேக்கப்ஸ் அம்மாள் பட்டதாரி அல்ல. கொலம்பியா சர்வகலாசாலையில் இரண்டு வருஷம் தமக்குப் பிடித்த பாடங்களைப் படித்ததோடு சரி. பிழைப்பு பத்திரிகைத் தொழில். நியூயார்க்கில், கிரீன்விச் வில்லேஜ் பகுதியில், ஹட்ஸன் தெருவில் குடியிருந்தார். காலையில் குப்பைத் தொட்டியை வாசலில் கொண்டு வைப்பதிலிருந்து, கடைக்காரர்கள் கடை திறப்பது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது, இரவில் யாரோ பாடிக்கொண்டு போவது வரையில் அந்தத் தெருவின் ஒரு நாளை அவர் எழுதியிருக்கும் பக்கங்கள் எந்த நாவலாசிரியனுக்கும் பொறாமை மூட்டும். பட்டப்படிப்பு இல்லாததைப் பல நிபுணர்கள் குறையாகச் சொன்னார்கள். எனக்கென்னவோ, அதனால்தான் கண் கெடாமல் இருந்தது என்று தோன்றுகிறது.

போக்குவரத்தைப் பற்றிய 18-ஆவது அத்தியாயத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். நகரங்கள் மூச்சு முட்டுகிற இக்காலத்தில் அதிகம் உதவுவதும் அதுதான், அதிகம் விவாதத்துக்கு இடம் தருவதும் அதுதான்.

மோட்டாரைத் திட்டித் தீர்ப்பார் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். மோட்டார் வருவதற்கு முந்திய நகரம் சொர்க்கமாக இருக்கவில்லை என்கிறார். குதிரைகளும், சாணமும், சேறும், கற்பாவிய தெருவில் இரும்புப் பட்டைச் சக்கரங்களின் காது கிழிக்கும் சத்தமும்தான் அந்த நகரம். மோட்டார் இயந்திரம் அதிலிருந்து விடுதலை தந்திருக்க முடியும். ஐந்தாறு குதிரைகளின் வேலையை ஒரு மோட்டாரிடம் ஒப்படைத்திருந்தால் தெரு காலியாகியிருக்கும். நாம் செய்தது நேர்மாறு. ஒரு குதிரை இருந்த இடத்தில் ஐந்தாறு மோட்டார்களைக் கொண்டுவந்து நிறுத்தினோம். வாதம் முழுவதும் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது. யந்திரத்தின்மேல் பழி இல்லை, எண்ணிக்கையின்மேல்தான் பழி.

எண்ணிக்கை எப்படி ஏறுகிறது என்பதை அவர் படிப்படியாகக் காட்டுகிறார். ஒரு தெருவில் நெரிசல் என்று நடைபாதையைக் கொஞ்சம் நறுக்குகிறார்கள். பிறகு மரத்தை வெட்டுகிறார்கள். பிறகு ஒருவழிப் பாதை ஆக்குகிறார்கள். ஒவ்வொன்றும் சின்னக் காரியம், ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு. ஆனால் வழி அகன்றதும் காரில் போவது சுலபமாகிறது, நடப்பதும் பஸ் ஏறுவதும் கஷ்டமாகின்றன, ஆகவே இன்னும் சிலர் கார் வாங்குகிறார்கள், மறுபடியும் நெரிசல். ஒருவழிப் பாதைகளால் பஸ் பிரயாணிகள் குறைந்துபோனதை அவர் நியூயார்க்கை வைத்தே சொல்கிறார். நமக்கு இது புதிதல்ல. காலையில் இறங்குகிற தெரு ஒன்று, மாலையில் ஏறுகிற தெரு வேறொன்று, நடுவே முழங்கால் வலியோடு ஒரு நடை என்பதைச் சென்னை பஸ் பிரயாணி எவரும் அறிவார். ஆற்றங்கரை அரிபடுவதுபோல் நகரம் அரிபடுகிறது என்பது அவர் கருத்து.

இதற்குப் பரிகாரம்? அரிப்பைத் திருப்பிவிடுவது. எந்த மாறுதல் செய்தாலும் காருக்குச் சற்றுச் சிரமமாகவும், நடப்பவருக்கும் பஸ்ஸுக்கும் சற்றுச் சௌகரியமாகவும் செய்துகொண்டே போவது. நடைபாதையை அகலமாக்கு, சிக்னலைப் பஸ்ஸுக்குத் தோதாக மாற்று, சரக்கு லாரிக்கு வழி விடு. ஒரேயடியாக எதையும் தடை செய்ய வேண்டாம். வருஷக்கணக்கில் கார் தானே தேய்ந்து போகும்.

இது வெறும் ஆசை அல்ல. வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் ஊடே போன பாதையை அகலப் பெருஞ்சாலையாக்க ராபர்ட் மோசஸ் என்ற பெரிய அதிகாரி முனைந்தபோது, உள்ளூர் ஜனங்கள் இருக்கிற பாதையையும் மூடு என்று கேட்டார்கள். 1958-ல் சோதனையாக மூடினார்கள். சுற்றுத் தெருக்கள் அடைத்துப் போகும் என்று நிபுணர்கள் சொன்னார்கள், அடைக்கவில்லை. அந்தக் கார்கள் வேறு எங்கும் போகவில்லை, இல்லாமலே போய்விட்டன. பின்னாளில் தென் கொரியாவில் ஸோல் நகரம் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. ஓடைமேல் கட்டியிருந்த மேம்பாலச் சாலையை 2003-ல் இடிக்கத் தொடங்கி, 2005-ல் ஓடையைத் திறந்துவிட்டார்கள். இடையில் 2004-ல் பஸ்களுக்குச் சாலை நடுவே தனிப் பாதை கொடுத்தார்கள். நகரம் ஸ்தம்பித்துவிடவில்லை.

இன்று இந்த அத்தியாயத்தைப் படிக்கும்போது இன்னொன்றும் தெரிகிறது. பெட்ரோல் காருக்குப் பதில் மின்சாரக் கார் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுகிறோம். புகை குறையும், உண்மைதான். அது சின்ன லாபமல்ல. ஆனால் தெருவில் அடைக்கிற இடம் குறையாது. ஒரு பஸ் நிற்கும் இடத்தில் மூன்று கார் நிற்கலாம். பஸ்ஸில் ஐம்பது, அறுபது பேர். மூன்று காரிலும் சேர்த்துப் பெரும்பாலும் நாலு பேர். ஜேக்கப்ஸின் குதிரைக் கணக்கு இங்கேயும் அப்படியே செல்லுபடியாகிறது.

இவ்வளவு பாராட்டிய பிறகு என் ஆட்சேபத்தையும் சொல்ல வேண்டும். இந்தப் புத்தகத்தின் கண் ஹட்ஸன் தெரு வீட்டின் ஜன்னலில் இருக்கிறது. அந்தத் தெருவில் குடியிருப்பவர், கடை வைத்திருப்பவர், நடந்து போகிறவர் எல்லோரும் உயிரோடு வருகிறார்கள். அந்தத் தெருவுக்கு வெகு தூரத்திலிருந்து வேலைக்கு வந்து, இருட்டிய பிறகு திரும்பிப் போகிறவர் அநேகமாக வருவதில்லை. அழகான தெருவுக்கு விலை ஏறும் என்பதையும் ஆசிரியர் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை. அவர் காப்பாற்றிய கிரீன்விச் வில்லேஜில் இன்று வீடு வாங்கப் பெரும் பணக்காரராக இருக்க வேண்டும். மற்றவர்கள் தூரப் போனார்கள். தூரப் போகிறவருக்குத்தான் பிரயாணம் நீள்கிறது.

சென்னையில் இது வேறு விதமாக நடந்தது. ஆற்றங்கரைக் குடிசைகளிலும் பிற இடங்களிலும் இருந்த குடும்பங்களை 2000-ஆம் ஆண்டு முதல் நகரத்தின் தெற்கு ஓரத்தில் கண்ணகி நகரில் குடியேற்றினார்கள். வீடு மாறியது, வேலை மாறவில்லை. முன்பு நடந்தே போய்ப் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்த பெண், அதே வீட்டுக்கு விடியுமுன் எழுந்து பஸ் பிடிக்க வேண்டியதாயிற்று. பஸ் கட்டணம் சம்பளத்தைத் தின்றது; நேரம் இன்னொரு வீட்டு வேலையைத் தின்றது. 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பிரயாணம் வந்தது. அதை ஓட்டுக்காகக் கொடுத்த சலுகை என்று கேலி செய்தவர்களை நான் கேட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு அது கையில் கிடைத்த கூலி. ஆனால் டிக்கெட் இலவசமான பஸ், கார்களுக்கு நடுவில்தான் ஊர்ந்து போக வேண்டியிருந்தது. நேரத்தை யாரும் திருப்பித் தரவில்லை.

இதற்கு மாறான காட்சியையும் இதே சென்னையில் பார்க்கலாம். 2014-ல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கையை ஏற்றது: போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவிகிதம் நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் செலவாக வேண்டும். 2019-ல் பாண்டி பஜாரில் கார்ப் பாதையைக் குறுக்கி, நடைபாதையை விரித்தார்கள். ஜேக்கப்ஸ் பார்த்திருந்தால் பூரித்திருப்பார். எனக்கும் அங்கே நடக்கப் பிடிக்கும். ஆனால் அந்த நடைபாதையின் நன்மை முக்கியமாக யாருக்கு என்று யோசித்தால், சாமான் வாங்க வருகிறவருக்கும் அக்கம்பக்கத்தில் இருப்பவருக்கும் என்றுதான் பதில் வருகிறது. அழகுபட்ட தெரு கடைத்தெரு. பஸ்ஸுக்கு வழி விட வேண்டிய நீண்ட சாலைகள் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நின்றன.

ஜேக்கப்ஸ் சொன்ன வைத்தியம் தவறு என்று நான் சொல்லவில்லை. சொல்லப்போனால், அவர் நினைத்ததைவிட அது அவசரமானது. ஜன்னலிலிருந்து பார்க்கிறவருக்குக் கார் குறைந்தால் தெரு அமைதியாகும், குழந்தை விளையாடும். கண்ணகி நகர் நிறுத்தத்தில் நிற்கிறவருக்கு அதே மாறுதல் தினம் ஒரு மணி நேரம். மாதக் கடைசியில் அது அரிசி. ஒரு நகரத்தின் போக்குவரத்து நீடித்து நிற்குமா என்று தீர்மானிக்க, முதலில் கடைசி நிறுத்தத்தில் நிற்பவரைக் கேட்க வேண்டும். அவருக்குப் பஸ் பயன்படாவிட்டால் அவர் கடன் வாங்கியாவது ஒரு மோட்டார் சைக்கிள் வாங்குவார். அவரைக் குற்றம் சொல்ல நமக்கு வாயில்லை.

ஜேக்கப்ஸ் 2006-ல் காலமானார். தெருவைக் கதாபாத்திரமாக்கிக் காட்டிய அவர் புத்தகத்துக்கு இந்த ஓர் அத்தியாயம் பாக்கி நிற்கிறது. எஞ்சினியர்கள் எழுதினால் மறுபடியும் அம்புக்குறிகள்தான் வரும். விடியுமுன் கிளம்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கி விழுகிறவரைக் கவனித்த தமிழ்க் கதாசிரியர் யாராவது எழுதினால், அது சென்னைக்கும் உதவும், நியூயார்க்குக்கும் உதவும்.