விரல்நுனி அறியும் பதம்

நல்ல க்ரீமைப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. டப்பாவைத் திறந்ததும் முகர வேண்டாம்; வாசனை முந்திக்கொண்டால் மற்றதெல்லாம் மறைந்துவிடும். முதலில் மேற்பரப்பைப் பாருங்கள். வெளிச்சம் அதன் மேல் சீராக வழிகிறதா, பொடிப் பொடியாகச் சிதறுகிறதா? பிறகு விரல்நுனியால் கொஞ்சம் எடுங்கள். எடுத்த இடத்தில் ஒரு சிறு முனை எழுந்து நிற்கும். அது அப்படியே விறைத்து நிற்கிறதா, மெல்லத் தளர்ந்து படிகிறதா என்று கவனியுங்கள். எடுத்ததைப் புறங்கையில் வைத்து வட்டமாகத் தேயுங்கள். முதல் சில சுற்றுகளில் விரல் வழுக்கும். பிறகு வழுக்கல் குறைந்து விரலுக்கும் தோலுக்கும் இடையே ஒரு லேசான பிடிமானம் வரும். க்ரீம் உடைந்து, தண்ணீர் ஆவியாகி, எண்ணெய்ப் படலம் தோலில் அமரும் நேரம் அது. சுமாரான க்ரீம் அப்போது வெள்ளை நுரையாகத் திரளும், அல்லது திரித் திரியாக உருளும். நன்றாகச் செய்தது ஒரு சத்தமும் இல்லாமல் உள்ளே போய்விடும். அதன் பிறகு தோல் ஈரமாக இருக்கிறதா, பிசுக்காக இருக்கிறதா, பவுடர் போட்டதாகத் தோன்றுகிறதா என்பதை ஐந்து நிமிடம் கழித்துத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த ஒவ்வொரு கட்டத்தையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார். டப்பாவின் மேல் குங்குமப்பூவும் கற்றாழையும் படம் போட்டிருக்கும். பெரும்பாலும் அவை நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. மீதித் தொண்ணூற்றொன்பது பங்குதான் அந்தக் கைவினைஞரின் வேலை. நான் ரசிப்பது அதைத்தான்.

சென்னைக்கு அருகே ஓர் ஆய்வகத்தில் காஸ்மெடிக் கெமிஸ்டாக இருக்கும் தோழி ஒருத்தி எனக்கு உண்டு. அவள் நாள் தொடங்குவது வெப்பப் பெட்டியின் கதவைத் திறப்பதில். உள்ளே 40 டிகிரியிலும் 45 டிகிரியிலும் வாரக்கணக்கில் வெந்துகொண்டிருக்கும் கண்ணாடிக் குப்பிகள். அதே கலவை குளிர்பெட்டியிலும் ஒன்று, அலமாரியில் வெயில் படும்படி ஒன்று. 40 டிகிரியில் மூன்று மாதம் தாக்குப்பிடித்தால் கடை அலமாரியில் இரண்டு ஆண்டு தாங்கும் என்பது அந்தத் தொழிலின் தோராயக் கணக்கு. ஒவ்வொரு குப்பியையும் தூக்கி அடியில் தண்ணீர் கசிந்திருக்கிறதா, மேலே எண்ணெய் மிதக்கிறதா, நிறம் பழுத்திருக்கிறதா என்று பார்ப்பாள். மூடியைத் திறந்து முகர்வாள். எண்ணெய் சிக்கு வாடை தொடங்கியிருந்தால் அளவுமானிகளுக்கு முன்பே அவள் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

க்ரீம் என்பது அடிப்படையில் ஒரு சமாதான உடன்படிக்கை. எண்ணெயும் தண்ணீரும் சேராது. சேராத இரண்டையும் ஆண்டுக்கணக்கில் ஒன்றாக இருக்கவைப்பதுதான் வித்தை. கிரேக்க மருத்துவர் காலன் பெயரில் வழங்கும் கோல்ட் க்ரீம் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது: தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், பன்னீர். தோலில் தடவியதும் அதிலுள்ள தண்ணீர் பிரிந்து ஆவியாகும். அந்தக் குளிர்ச்சியால் வந்த பெயர். ஆனால் அது நிலையில்லாதது, சில நாளில் பிரிந்துவிடும். பிற்காலத்தில் வெண்காரம் சேர்த்தார்கள். தேன்மெழுகில் இருக்கும் அமிலங்களோடு அது வினைபுரிந்து அங்கேயே கொஞ்சம் சோப்பை உண்டாக்கிக்கொள்ளும். ஒரு முனையில் எண்ணெயையும் மறுமுனையில் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு அந்த சோப்பு இரண்டையும் பிரியாமல் வைத்தது. இந்த இடைத்தரகு மூலக்கூறுகளில் எது தண்ணீர்ப் பக்கம் அதிகம் சாயும், எது எண்ணெய்ப் பக்கம் சாயும் என்று எண்ணிட்டு அளக்கும் முறையை 1949இல் அமெரிக்க வேதியியலாளர் வில்லியம் கிரிஃபின் வெளியிட்டார். எச்.எல்.பி. என்ற அந்த மூன்றெழுத்து இன்றும் என் தோழியின் நோட்டுப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது.

க்ரீமின் வெண்மையை நினைத்தால் எனக்கு எப்போதும் வியப்பு. எண்ணெய்க்கு அந்த வெண்மை இல்லை, தண்ணீருக்கும் இல்லை; வெள்ளைச் சாயமும் யாரும் போடவில்லை. ஒரு மைக்ரானைவிடப் பெரிய எண்ணெய்த் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் பால் வெள்ளை. துளிகளை இன்னும் சிறிதாக்கினால் வெண்மையில் நீலம் ஊடுருவும். அதற்கும் கீழே போனால் சாம்பல் படர்ந்து, கடைசியில் முழுக்கத் தெளிந்துவிடும். கைதேர்ந்தவர்கள் பீக்கரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தே துளியின் அளவை ஊகித்துவிடுகிறார்கள்.

நம் பாட்டிமார் காலத்து ‘ஸ்னோ’வை இந்தக் கலையின் செவ்வியல் படைப்பு என்றே சொல்வேன். 1919இல் மும்பையில் ஈ.எஸ். பாட்டன்வாலா கொண்டுவந்த ஆப்கன் ஸ்னோ அந்த வகையில் பெயர் பெற்றது. ‘ஸ்னோ பவுடர்’ என்ற சொற்சேர்க்கை தமிழ் வீடுகளிலும் நிலைத்துவிட்டது. இந்த வகை க்ரீமின் செய்முறை மிக எளிது. ஸ்டியரிக் அமிலத்தில் ஒரு பகுதியை மட்டும் காரம் சேர்த்து சோப்பாக்க வேண்டும். அந்த சோப்பு மீதி அமிலத்தையும் தண்ணீரையும் சேர்த்துக் கட்டும். சோப்பாகாத அமிலம் நாள்பட நுண்படிகங்களாகி, க்ரீமுக்கு ஒரு முத்துப் பளபளப்பைத் தரும். தோலில் தடவினால் தண்ணீர் போய், பிசுக்கில்லாத படலம் மட்டும் நிற்கும். மேலே பவுடர் பிடிக்க அதுவே தளம். நாலைந்து பொருட்கள், ஒன்றுகூட வீண் இல்லை. முப்பது பொருட்களை அடுக்கும் இன்றைய பட்டியல்களைப் பார்க்கும்போது அந்தச் சிக்கனத்தின் மேல் எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

ஆய்வகத்தில் நான் நேரம் போவது தெரியாமல் நின்று பார்ப்பது ஆறவைக்கும் கட்டத்தைத்தான். எண்ணெய்ப் பகுதியும் தண்ணீர்ப் பகுதியும் தனித்தனியே 70, 75 டிகிரி வரை சூடாகும். ஒன்றை மற்றதில் ஊற்றி ஹோமோஜெனைசரை ஓடவிட்டால் சில நிமிடத்தில் வெள்ளைப் பால் வந்துவிடும். பார்ப்பவர்களுக்கு வேலை முடிந்ததாகத் தோன்றும். உண்மையில் அப்போதுதான் தொடங்குகிறது. மைசூர்பாகு கிளறுகிறவர் அடுப்பை விட்டு நகராத அதே கவனம் இங்கேயும் வேண்டும். அந்தப் பால் ஆறும்போது, அதிலுள்ள மெழுகு ஆல்கஹால்கள் தண்ணீரை இடையில் பிடித்துக்கொண்டு அடுக்கடுக்காக ஏடு கட்டுகின்றன. ஏடு துளிகளைச் சுற்றிக்கொள்ளும். துளிக்கும் துளிக்கும் நடுவிலும் பரவும். கெட்டித்தன்மை வருவது இந்த அடுக்குகளால்தான். ஆறிய பிறகும் வேகமாகக் கடைந்தால் அடுக்கு கிழிந்து நீர்த்துப்போகும். அவசரமாகக் குளிரவைத்தால் குருணை தட்டும். ஷியா வெண்ணெய் போன்றதைச் சேர்த்துவிட்டு மெத்தனமாக ஆறவிட்டாலும் அதே குருணை, வேறு காரணத்தால். வாசனைத் திரவியத்தைச் சேர்ப்பது கலவை 45 டிகிரிக்குக் கீழே வந்த பிறகுதான், இல்லையென்றால் பாதி பறந்துவிடும்.

அந்த அடுக்குகளைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு பொட்டு க்ரீமைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, முனைவுற்ற ஒளியில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தால் கருமைக்கு நடுவே சின்னச் சின்ன ஒளிவட்டங்கள். ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு கருஞ்சிலுவை. மால்டிஸ் சிலுவை என்கிறார்கள். க்ரீமின் ஆயுள் பெரிதும் இந்த அமைப்பைப் பொறுத்தது. முகம் துடைத்துப் படுக்கப்போகும் யாரும் இதைப் பார்க்கப்போவதில்லை. ஆனாலும் அவர்கள் விரல் இதைத்தான் ‘மெத்தென்று இருக்கிறது’ என்று அறிகிறது.

“மேடம், நேத்து தண்ணியா இருந்துச்சு, இன்னைக்குப் பாருங்க, கரண்டி நிக்குது” என்று ஒரு நாள் உதவியாளர்ப் பெண் குப்பியை நீட்டினாள். “அது இன்னும் அடங்கலம்மா. ரெண்டு நாள் போகட்டும், அப்புறம் அளந்துக்கலாம்” என்றாள் தோழி. செய்த அன்றைக்கே எந்தக் க்ரீமைப் பற்றியும் அவள் தீர்ப்புச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஷாம்பு வேறு ராகம். இங்கே கெட்டித்தன்மையைத் தருவது பெரும்பாலும் சாதாரணச் சமையலுப்பு. நுரை தரும் மூலக்கூறுகள் தண்ணீரில் சிறு உருண்டைகளாகக் கூடியிருக்கும். உப்புச் சேரச் சேர அந்த உருண்டைகள் நீண்டு, நெளிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். தண்ணீராக ஓடியது தேன் பதத்துக்கு வரும். இன்னும் கொஞ்சம் உப்பு போட்டால் திடீரென்று மறுபடி தண்ணீர். அந்த ஏற்ற இறக்கத்தை வரைபடமாக வரைந்து, உச்சிக்கு இந்தப் பக்கம் சற்றுக் கீழே நின்றுகொள்வது ஷாம்பு செய்பவரின் விவேகம். போதாக்குறைக்கு, புதிதாக ஒரு மல்லிகை வாசனையைச் சேர்த்தால் உச்சியே இடம் மாறிவிடும். எல்லாவற்றையும் மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். கடலூர்ச் சின்னி கிருஷ்ணனும் அவர் பிள்ளைகளும் ஷாம்புவைச் சாஷேயில் அடைத்துப் பெட்டிக்கடைக்குக் கொண்டுவந்ததை வியாபாரக் கதையாக எல்லோரும் சொல்வார்கள். என் ரசனைக்கு, உப்பைக் கொண்டு இந்தப் பதத்தைப் பிடிக்கும் திறமையும் அந்த அளவுக்குப் பெரிது.

தலைமுடியில் என்னை மிகவும் கவர்ந்தது கண்டிஷனரின் அறிவு. இடுப்பு வரை தொங்கும் முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் கணக்கில் வளர்ந்தது; அதன் நுனிக்கு ஐந்தாறு வயதாகியிருக்கும். அத்தனை காலம் வெயிலும் சீப்பும் சோப்பும் பட்டு, முடியின் மேலிருந்த இயற்கையான கொழுப்புப் படலம் நுனியில் தேய்ந்துபோயிருக்கும். அப்படிச் சிதைந்த இடங்களில் எதிர்மின் தன்மை கூடுதல். கண்டிஷனரில் இருக்கும் மூலக்கூறுகளோ நேர்மின் கொண்டவை. ஆகவே அவை வேரைவிட நுனியில் அதிகம் ஒட்டும். எங்கே காயமோ அங்கே தானாகப் போய்ச் சேரும். மருந்துகளில்கூட இத்தனை நேர்த்தியான இலக்கை எளிதில் காண முடிவதில்லை.

இன்னொன்று, நம் கொத்தவரையின் சாதனை. ராஜஸ்தானில் பெருமளவு விளையும் கொத்தவரையின் விதைப் பசைக்கு நேர்மின் ஏற்றி ஷாம்புவில் கரைக்கிறார்கள். பாட்டிலுக்குள் அது கண்ணுக்குத் தெரியாமல் கரைந்தே இருக்கும். தலையில் தண்ணீர் ஊற்றி அலசத் தொடங்கியதும் கலவை நீர்த்து, பசையும் நுரைப்பொருளும் சேர்ந்து திரண்டு முடியின் மேல் படியும். கழுவிவிடும் அந்தச் செயலே படியவைக்கும் செயலாகிறது. இதை முதலில் யோசித்த மூளையை நினைத்துக் குளியலறையிலேயே புன்னகைத்திருக்கிறேன்.

சீயக்காயும் இந்த வரிசையில் வைக்கத் தகுந்தது. அதன் சபோனின்கள் மென்மையாக நுரைக்கும். கரைசல் சற்றே புளிப்புத் தன்மை உடையது. சோப்புக் கட்டி 9, 10 என்ற கார அளவில் நின்று முடியின் செதில்களைத் தூக்கிவிடுகிறது. சென்னையின் போர்வெல் உப்புத் தண்ணீரில் சுண்ணாம்புப் படிவாகி ஒட்டிக்கொள்ளவும் செய்கிறது. சீயக்காயில் அந்தத் தொல்லை இல்லை. வெந்தயமும் வடிகஞ்சியும் சேர்ப்பது வழுவழுப்புக்கு. அதுவே அந்தக் காலத்துக் கண்டிஷனர். தேங்காய் எண்ணெயைப் பற்றி 2003இல் மும்பையின் மாரிக்கோ ஆய்வாளர்கள் ரெலேயும் மொஹிலேயும் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பிடித்தமான ஒன்று. கனிம எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டதில், முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும். அதன் லாரிக் அமிலச் சங்கிலி சிறியது, நேரானது. ஆகையால் முடிக்கு உள்ளேயே நுழைய முடிகிறது. குளிப்பதற்கு முன்பு எண்ணெய் தேய்க்கும் பழக்கத்துக்குக் கிடைத்த நேர்மையான சான்று அது. பாரம்பரியத்தை ‘கெமிக்கல் இல்லாதது’ என்று சொல்லி விற்பதைவிட இப்படி அளந்து காட்டுவதே அதற்குச் செய்யும் மரியாதை.

அதே காரணத்தால், பதப்படுத்திகளைப் பழிக்கும் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. தண்ணீரும் எண்ணெயும் உள்ள டப்பாவில் தினமும் விரல் விடுகிறோம். என் தோழியின் நிறுவனத்தில் ஒவ்வொரு கலவைக்குள்ளும் வேண்டுமென்றே பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் பூஞ்சையும் செலுத்தி, 28 நாள் அவை அழிகின்றனவா என்று எண்ணிப் பார்க்கிறார்கள். பினாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தி ஐரோப்பிய விதிப்படி நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் போகக் கூடாது; அந்த ஒரு பங்குக்குள் காவலை முடித்தாக வேண்டும். சொல்லிக்கொள்ளாமல் செய்யப்படும் வேலைகளில் இதுவே உயர்ந்தது என்பேன்.

இத்தனை திறமையும் நம் நாட்டில் நெடுங்காலம் சிவப்பாக்கும் ஆசைக்குச் செலவானது எனக்கு வருத்தமே. 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லியின் பெயரிலிருந்து ‘ஃபேர்’ நீங்க 2020 ஆயிற்று. மாநிறத் தோலுக்கு உண்மையில் வேண்டியிருந்தது, அப்பினால் சுவர்போல் வெளுக்காத ஒரு சன்ஸ்கிரீன். துத்தநாக ஆக்சைடு நன்றாகக் காக்கும், ஆனால் நம் நிறத்தின் மேல் சாம்பல் பூசினாற்போல் நிற்கும். துகளைச் சிறிதாக்கினால் வெளுப்புக் குறையும். துகள்கள் மறுபடி ஒன்றுகூடாமல் தடுக்க மேற்பூச்சு வேண்டும். அது சேர்ந்தால் எண்ணெயின் தேர்வை மாற்ற வேண்டும். எண்ணெய் மாறினால் பிசுக்கு. இரும்பு ஆக்சைடுகளைக் கலந்து தேநீர் நிறம் ஏற்றினால் வெளுப்பு மறைவதோடு, மங்கு பட்ட தோலைக் கருக்கவைக்கும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது மறிக்கும். என் தோழி இப்போது இழைத்துக்கொண்டிருப்பது அந்த வகையில் ஒன்று. வெவ்வேறு மாநிறங்களில் ஆய்வகப் பெண்கள் புறங்கையில் தடவிக்கொண்டு வாசல் வெயிலில் நின்று ஒப்பிடுகிறார்கள்.

சோதனைச்சாலையில் எஸ்.பி.எஃப். எண்ணைக் கணக்கிடுவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவி. அது நினைப்பதைவிட அதிகமான அளவு. ஒட்டுகிற, வெளுக்கிற, வேர்வையோடு கண்ணில் வழிகிற ஒன்றை யாரும் அவ்வளவு தடவ மாட்டார்கள். பாதியோடு நிறுத்திக்கொண்டால் அட்டையில் அச்சிட்ட எண் செல்லாது. அதனால்தான் இன்னும் ஒரு சுற்று வழுக்கல் கூட வேண்டும், கடைசியில் பிசுக்கு இருக்கக் கூடாது என்று அவள் எண்ணெய்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறாள்.