தொப்பியில் பேசும் கை

மிருதங்கம் கற்க உட்காரும் பிள்ளைக்கு முதல் பாடம் நான்கே சொல்: தா, தீ, தொம், நம். முதல் மூன்றும் எப்படியோ வந்துவிடும். 'நம்' மட்டும் லேசில் படியாது. மோதிர விரல் தோலின் நடுவிலுள்ள கறுப்புக் கரணையின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்க, ஆள்காட்டி விரல் விளிம்பில் பட்டுத் தெறிக்க வேண்டும். மோதிர விரல் கொஞ்சம் அழுந்தினால் போதும், 'டப்' என்று செத்த சத்தம். அளவாகப் பட்டால் சுருதி எழும்பிக் கூடம் முழுக்க நிற்கும். ஒரே கையில் ஒரு விரல் அடங்கியிருக்க இன்னொன்று துள்ள வேண்டும் என்பது உடம்புக்குப் புதுச் சங்கதி. அது பயந்துபோய் மொத்தமாக விறைத்துக்கொள்கிறது. பிள்ளை தோளிலிருந்து அடிக்கும், கழுத்து இறுகும், சிலருக்கு நாக்கு நுனிகூட வெளியே எட்டிப் பார்க்கும்.

இந்த விறைப்பைப் பற்றி ஆழமாக யோசித்தவர் நிக்கொலாய் பெர்ன்ஷ்டைன் என்ற ரஷ்யர். 1920களில் மாஸ்கோவில், உளியின் தலையில் சுத்தியலால் அடிக்கும் தேர்ந்த தொழிலாளிகளின் கையில் சின்னச் சின்ன விளக்குகளைக் கட்டிப் படமெடுத்தார். சுத்தியல் ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வோர் அடிக்கும் சற்றே வேறு வழியில் வந்திருந்தன. ஒரு மூட்டு பிசகியதை இன்னொரு மூட்டு அங்கேயே சரிக்கட்டியிருந்தது. புதிதாகக் கற்பவர் மூட்டுகளைப் பூட்டிவைத்துச் சமாளிக்கிறார், தேறத் தேற ஒவ்வொன்றாகத் திறந்துவிடுகிறார் என்று விளக்கியவரும் அவரே.

சாதகம் என்றால் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து கையில் ஏற்றுவது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். கச்சேரி கேட்கக் கேட்க எனக்கு அந்த நம்பிக்கை தேய்ந்துவிட்டது. நல்ல கையில் மாறாமல் இருப்பது நாதம். அசைவு அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் வளைந்து கொடுக்கிறது.

வேகத்தின் கதை வேறு. பாடத்தை முதலில் தாளம் போட்டு வாயால் சொல்லச் சொல்வார்கள். சொல் வாயில் ஓடாதவரை கையை வாத்தியத்தில் வைக்க விடாத ஆசிரியர்கள் உண்டு. அப்புறம் மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், வாசிக்க வேண்டும். முதல் காலத்தில் ஓர் அடியைக் கேட்டு அடுத்ததைத் திருத்திக்கொள்ளலாம். மூன்றாம் காலத்தில் அதற்கு நேரமில்லை. காது குறை சொல்வதற்குள் அடுத்த அடி விழுந்துவிட்டிருக்கும். பியானோ வாசிப்பவர்களின் விரல்களைக் காட்டி 1951இல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லி இதையேதான் வாதிட்டார்: இத்தனை விரைவான வரிசை முன்கூட்டியே மூளையில் முழுசாக வகுக்கப்பட்டிருக்க வேண்டும். தனி ஆவர்த்தனத்தில் ஃபரன் என்னும் அதிவேகச் சொற்கட்டு கொட்டும்போது சபை கைதட்டுவது அப்படி வகுத்துவைத்த வரிசைக்குத்தான். தட்டட்டும். எனக்கு வேகம் இரண்டாம்பட்சம்.

என் காது போவது தொப்பிக்கு, வழக்கமாக இடக்கை வாசிக்கும் முகத்துக்கு. கச்சேரிக்கு முன் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தொப்பியின் நடுவில் அப்புவார்கள். அந்தக் கனத்தில்தான் அடிநாதம் கிடைக்கிறது. மேடை விளக்குச் சூட்டில் அது மெல்லக் காயும், காயக் காயக் குரல் மாறும். வர்ணத்தின்போது இருந்த தொப்பி தனிக்கு வரும்போது அதே தொப்பி இல்லை. நடுவில் விரலை நனைத்து ரவையில் தடவுவார்கள். மற்றதெல்லாம் கையின் பொறுப்பு. கும்கியைக் கவனியுங்கள். அடித்த கை தோலை விட்டு முழுசாக எழாமல், அழுத்தியபடியே கொஞ்சம் நகர, நாதம் வளைந்து மேலேறும். எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நகர்வு என்பது அந்த நிமிஷத்து ரவையைப் பொறுத்தது. மனப்பாடம் செய்த அசைவை மட்டும் வைத்திருப்பவர் இங்கே மாட்டிக்கொள்வார்.

தொப்பிக்குப் பெயர்போனவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962). இதில் ஒரு வேடிக்கை, அவர் இடது கைக்காரர். வழக்கமாக வலக்கை வாசிக்கும் வலந்தலையில் அவருக்கு இடக்கை, தொப்பியில் வலக்கை. வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதால் அவர் பாடகரின் இடப்பக்கம் உட்கார வேண்டும், வயலின்காரர் மறுபக்கம் போக வேண்டும். எல்லோருக்கும் அதற்கு மனம் வரவில்லை. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் அவரைப் பக்கவாத்தியமாக வைத்துக்கொண்டு ஆதரித்தார். அதே காலத்து இன்னொரு மிருதங்க மேதை பாலக்காடு மணி அய்யர் (1912–1981) பாட்டின் ஒவ்வொரு நெளிவோடும் ஒட்டிக்கொண்டு போவார். பழனியோ இடம் விட்டு வாசிப்பார், அந்த இடைவெளியில் தொப்பி நின்று ஒலிக்கும். இருவரில் யார் என்று கேட்டால், மணி அய்யர் ரசிகர்கள் மன்னிக்கட்டும், நான் பழனி கட்சி.

தொப்பிக் கையைப் பதிவில் கேட்பதோடு நேரிலும் பார்க்க வேண்டும் என்றால் ஒரு சிரமம். தொப்பி மேடையின் உட்பக்கம் திரும்பியிருப்பதால் நடு வரிசையிலிருந்து அந்தக் கை தெரியாது. தனி தொடங்கியதும் பாதிச் சபை கேன்டீனுக்குக் கிளம்பும் அல்லவா, அப்போது பக்கவாட்டில் நாற்காலி காலியாகும். போய் உட்கார்ந்துகொள்ளுங்கள். காபி அப்புறமும் கிடைக்கும்.