இணைப்புச் சொற்கள்: எங்கே தேவை, எங்கே மிகை

ஆங்கிலக் கட்டுரை எழுதக் கற்றுத்தரும் வகுப்புகளில் பெரும்பாலும் ஒரு பட்டியல் இருக்கும். கூடுதல் கருத்துக்கு ‘மோரோவர்’, ‘ஃபர்தர்மோர்’. மாற்றுக் கருத்துக்கு ‘ஹவெவர்’, ‘நெவர்த்லெஸ்’. விளைவுக்கு ‘தேர்ஃபோர்’. முடிப்பதற்கு ‘இன் கன்க்ளூஷன்’. மாணவர் அதை மனப்பாடம் செய்கிறார். பத்திக்கு ஒன்றாக, சில சமயம் வாக்கியத்துக்கு ஒன்றாக எடுத்து வைக்கிறார். தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில், பொருத்தமான ‘லிங்க்கர்’ கொண்டு கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும் கேள்வி வருகிறது. வெளிநாட்டுப் படிப்புக்காக ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்குத் தயாராகிறவர்களும் இதே பட்டியலோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

இந்தப் பழக்கத்தை அப்படியே ஏற்பவர்கள் உண்டு. செயற்கை என்று ஒதுக்குபவர்களும் உண்டு. இரு சாராரும் பாதி உண்மையைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் துணிபு. இரண்டு கருத்துகளுக்கு இடையே என்ன உறவு என்று எழுதுபவர் ஒரு முடிவுக்கு வருகிறார். அந்த முடிவின் பதிவே இணைப்புச் சொல். முடிவுக்கு வரப் பழக்கினால் அது சிந்தனைப் பயிற்சி. முடிவு செய்யாமலே சொல்லை வைக்கப் பழக்கினால், சிந்தனை இல்லாத இடத்தை மூடி மறைக்கும் பயிற்சி. இந்தப் பழக்கத்தின் நிறையும் குறையும் இங்கிருந்துதான் பிரிகின்றன.

முதலில் நிறை. ஜான் லாக், 1690ஆம் ஆண்டுத் தேதியிட்டு வெளிவந்த மனித அறிவு பற்றிய தம் பெருநூலில், மூன்றாம் புத்தகத்தின் ஏழாம் இயலை இத்தகைய சிறு சொற்களுக்கென்றே ஒதுக்கினார். தெளிவான கருத்துகள் இருந்தால் மட்டும் ஒருவர் நன்றாகப் பேசிவிட முடியாது. அவற்றை மனம் எங்கே தொடர்புபடுத்துகிறது, எங்கே வரம்பிடுகிறது, எங்கே எதிர்க்கிறது என்று காட்டவும் தெரிய வேண்டும் என்பது அவர் வாதம். ‘பட்’ என்ற ஒரே சொல் இடத்துக்கு இடம் மனத்தின் வெவ்வேறு அசைவுகளைக் குறிப்பதை அவர் எடுத்துக்காட்டுகளோடு விளக்கினார். கவிஞர் கோல்ரிட்ஜ் 1833இல் நடந்த ஓர் உரையாடலில் இன்னும் ஒரு படி மேலே போனார். தர்க்கம் செறிந்த எழுத்தாளரை, இணைப்புச் சொற்களைக் கையாளும் பொருத்தத்திலிருந்தே அடையாளம் காணலாம் என்றார். தம் காலத்து நூல்களில் வாக்கியங்கள் பையில் போட்ட கோலிக்குண்டுகளைப் போல ஒன்றையொன்று தொடுகின்றனவே தவிர ஒட்டுவதில்லை என்பது அவருடைய குறை.

இந்தச் சொற்கள் எவ்வளவு கனமான வேலை செய்ய முடியும் என்பதை அறிய இந்திய அரசியலமைப்பின் ஆங்கில மூலத்தைப் பார்க்கலாம். 368ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ என்ற சொல்லோடு தொடங்குகிறது. அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் குறைக்க முடியாது என்று 1967இல் கோலக்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைத் தாண்டுவதற்காக 1971இல் 24ஆம் திருத்தம் சேர்த்த உட்பிரிவு அது. அரசியலமைப்பில் வேறெங்கு எது சொல்லப்பட்டிருந்தாலும் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு என்பதே அதன் சாரம். இரண்டு விதிகள் மோதினால் எது மேலே நிற்கும் என்பதை அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. அதை எடுத்துவிட்டால் மீதி வாக்கியம் அப்படியே இருக்கும். விதிகளுக்கு இடையே உள்ள மேல்கீழ் மறைந்துவிடும்.

வகுப்பறையிலும் இதற்கு அழுத்தமான சான்று உண்டு. நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் உள்ள நியூ டார்ப் உயர்நிலைப் பள்ளியின் கதையை 2012இல் ‘தி அட்லாண்டிக்’ இதழ் விரிவாக எழுதியது. மாணவர்கள் ஏன் கட்டுரை எழுதத் திணறுகிறார்கள் என்று ஆசிரியர்கள் ஆராய்ந்தபோது, பலருக்கு ‘ஆல்தோ’ போன்ற சொற்களைக் கையாளவே தெரியவில்லை என்பது புலப்பட்டது. ‘ஆல்தோ’ என்று தொடங்கும் வாக்கியத்தை முடிக்கச் சொன்னால், துணை வாக்கியத்தோடு முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்கள். ஓர் உண்மையை ஒப்புக்கொண்டு, அதற்கு எதிரான இன்னோர் உண்மையை அதன் பக்கத்தில் நிறுத்தும் எண்ண ஓட்டமே அவர்கள் எழுத்தில் இல்லை. ஜூடித் ஹாக்மன் என்ற கல்வியாளரின் முறையைப் பள்ளி கைக்கொண்டது. ஒரே தொடக்கத்தைக் கொடுத்து ‘பிகாஸ்’, ‘பட்’, ‘ஸோ’ என்று மூன்று விதமாக முடிக்கச் சொல்வது அந்த முறையின் புகழ்பெற்ற பயிற்சி.

அதன் வலிமையை நம் ஊர்ச் செய்தி ஒன்றை வைத்தே சோதிக்கலாம். ‘டெல்டாவில் குறுவை சாகுபடி மேட்டூர் அணையை நம்பியிருக்கிறது’ என்பதை ஆங்கிலத்தில் எழுதித் தொடரச் சொல்லுங்கள். ‘பிகாஸ்’ என்றால், குறுவை தொடங்கும் ஜூன் மாதத்தில் டெல்டாவுக்குப் பெருமழை தரும் வடகிழக்குப் பருவமழை இன்னும் வந்திருக்காது என்பது தெரிய வேண்டும். ‘பட்’ என்றால், ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் அணைத் தண்ணீருக்காகக் காத்திருக்காமலும் நடவைத் தொடங்கலாம் என்ற விதிவிலக்கு நினைவுக்கு வர வேண்டும். ‘ஸோ’ என்றால், ஜூன் 12ஆம் தேதி அணை திறக்குமா என்பதை விவசாயிகள் ஏன் அவ்வளவு கவலையோடு கேட்கிறார்கள் என்பது புரிய வேண்டும். மூன்று சிறு சொற்கள் மூன்று தனித்தனி அறிவைக் கேட்கின்றன. பாடம் தெரியாமல் இந்தப் பயிற்சியைச் செய்து முடிக்க முடியாது. இணைப்புச் சொல்லைக் கற்பிப்பதில் இதைவிட நேர்மையான வழியை நான் அறியேன்.

இனி குறை. பட்டியல் முறை இந்த அறிவைக் கேட்பதில்லை. இடத்தை மட்டும் காட்டுகிறது. ‘நகரத்தில் வேலைவாய்ப்பு அதிகம். மோரோவர், வீட்டு வாடகையும் அதிகம்’ என்று ஒரு மாணவர் எழுதுகிறார் என்று கொள்வோம். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் முதல் வாக்கியம் நகரத்துக்கு ஆதரவாகவும் இரண்டாவது எதிராகவும் நிற்கிறது. எழுதியவர் அந்தத் திருப்பத்தைக் கவனிக்கவில்லை. ‘மோரோவர்’ அந்தக் கவனக்குறைவுக்குக் கட்டுரை நடையைப் பூசிவிடுகிறது. அந்தச் சொல் இல்லாமல் இருந்திருந்தால் வாசகர் தாமாகவே திருப்பத்தை உணர்ந்திருப்பார். தவறான இணைப்பு, இணைப்பே இல்லாததைவிடக் கெடுதல் செய்கிறது. ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ வர வேண்டிய இடத்தில் ‘ஆன் தி கான்ட்ரரி’யை எழுதுவதும் இதே நோய்தான். முன்னது இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. பின்னது சொன்னதை மறுக்கிறது.

எந்த வகைச் சொற்கள் மிகையாகின்றன என்பதும் கவனிக்கத்தக்கது. சில்வியான் கிரேஞ்சரும் ஸ்டெஃபனி டைசனும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளை ஆங்கிலத் தாய்மொழி மாணவர்களின் கட்டுரைகளோடு ஒப்பிட்டார்கள். மொத்த எண்ணிக்கையில் மிகை தென்படவில்லை. சொல் வாரியாகப் பார்த்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது. ‘மோரோவர்’, ‘இன்டீட்’ போலக் கருத்தை அடுக்கும், வலியுறுத்தும் சொற்கள் அதிகமாகவும், ‘ஹவெவர்’, ‘யெட்’, ‘தேர்ஃபோர்’ போல வாதத்தைத் திருப்பும், முன்னகர்த்தும் சொற்கள் குறைவாகவும் இருந்தன. சேர்ப்பது எளிது, எதிர்ப்பதற்கும் முடிவு காண்பதற்கும் யோசிக்க வேண்டும். கட்டுரையில் எந்தச் சொல் மலிந்திருக்கிறது என்று பார்த்தாலே சிந்தனை எங்கே நின்றுவிட்டது என்று கண்டுபிடித்துவிடலாம்.

வாசிக்கும் மனத்தின் இயல்பும் இதே பக்கம் சாய்கிறது. அடுத்தடுத்து வரும் வாக்கியங்கள் தொடர்ச்சியாகவும், முடிந்தால் காரண காரியமாகவும் இருக்கும் என்றே வாசகர் முதலில் எடுத்துக்கொள்கிறார் என்பது மொழி உளவியலில் நன்கு விவாதிக்கப்பட்ட கருத்து. அப்படியானால், தொடர்ச்சியைத் தெரிவிக்கும் சொல் பெரும்பாலும் வாசகர் ஏற்கெனவே அறிந்ததையே அறிவிக்கிறது. திருப்பத்தைத் தெரிவிக்கும் சொல், அவர் தவறான பக்கம் போவதைத் தடுக்கிறது. ‘பட்’டும் ‘ஆல்தோ’வும் தம் இடத்துக்கு உரிய கூலியைச் சம்பாதிக்கின்றன, ‘ஃபர்தர்மோர்’ பெரும்பாலும் சம்பாதிப்பதில்லை.

வாசகர் யார் என்பதும் கணக்கில் வர வேண்டும். டேனியெல் மெக்நமாராவும் உடன் ஆய்ந்தவர்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், இதய நோய் பற்றிய பாடத்தை இணைப்புகள் நிறைந்த வடிவிலும் குறைந்த வடிவிலும் மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். முன்னறிவு குறைந்தவர்களுக்கு இணைப்புகள் நிறைந்த வடிவம் உதவியது. முன்னறிவு மிகுந்தவர்களோ, ஆழமான புரிதலைச் சோதித்த கேள்விகளில் இணைப்புகள் குறைந்த வடிவத்தைப் படித்தபோதே மேலாகச் செய்தார்கள். இடைவெளியைத் தாமே நிரப்ப வேண்டியிருந்ததால் அவர்கள் மனம் கூடுதலாக உழைத்தது. ஆகவே பத்திக்கு இத்தனை என்ற பொது விதி எதுவும் செல்லாது. பள்ளிப் பாடநூலுக்கு ஓர் அளவு. துறை வல்லுநர்களுக்கான கட்டுரைக்கு வேறோர் அளவு.

பட்டியல் முறையின் பெரிய குறை, ஒட்டுதலுக்கு வேறு வழிகள் இருப்பதையே மறக்கச் செய்வது. ஹாலிடேயும் ருகையா ஹாசனும் 1976இல் எழுதிய ஆங்கிலப் பிணைப்பு பற்றிய நூலில் ஐந்து வழிகளை வகுத்தார்கள்: சுட்டுதல், ஒரு சொல்லுக்குப் பதிலாக இன்னொன்றை வைத்தல், தெரிந்ததைத் தொக்க வைத்தல், இணைப்புச் சொல், சொற்களின் பொருள் தொடர்பு. ஐந்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதையே முழுப் பாடமாக்கினால் மற்ற நான்கும் கற்பிக்கப்படாமல் போகின்றன. இந்த ஐந்தும் இருந்தால்கூடப் போதாது, கருத்தே ஒருங்கிணைந்திருக்க வேண்டும் என்று 1982இல் பட்ரீஷியா கேரல் வாதிட்டதும் நினைவில் கொள்ளத்தக்கது.

1863 நவம்பர் 19 அன்று ஆபிரகாம் லிங்கன் கெட்டிஸ்பர்க்கில் ஆற்றிய உரை இதற்கு நல்ல பாடம். ஏறத்தாழ 270 சொற்கள், மூன்று பத்திகள். இரண்டாம் பத்தி ‘நவ்’ என்று தொடங்குகிறது. மூன்றாம் பத்தி ‘பட்’ என்று தொடங்குகிறது. கடந்த காலத்திலிருந்து நிகழ்காலத்துக்கும், சடங்கிலிருந்து கடமைக்கும் உரை திரும்பும் இடங்கள் அவை. மற்ற இடங்களில் பிணைப்பைச் சுமப்பவை திரும்பத் திரும்ப வரும் சொற்கள். ‘டெடிகேட்’ என்ற சொல் தன் வடிவங்களோடு ஆறு முறை வருகிறது. முதலில் ஒரு நாட்டின் கொள்கையைக் குறிக்கிறது. பிறகு ஒரு கல்லறை நிலத்தைக் குறிக்கிறது. கடைசியில் உயிரோடு இருப்பவர்களின் பொறுப்பைக் குறிக்கிறது. வாதம் முழுவதும் அந்தச் சொல்லின் நகர்வில் இருக்கிறது. பட்டியலிலிருந்து ‘தேர்ஃபோர்’, ‘ஃபர்தர்மோர்’ எடுத்து அதில் செருகினால் உரை பலவீனப்படும்.

தேர்வுகளே இதை ஓரளவு அங்கீகரிக்கின்றன. ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வின் நான்கு அளவுகோல்களில் ஒன்று கருத்தொழுங்கும் பிணைப்பும். அதன் விளக்கத்தில், பிணைப்பு பெரும்பாலும் கண்ணில் படாமலே வேலை செய்ய வேண்டும் என்பது உச்சப் படிநிலைக்கு உரிய எதிர்பார்ப்பு. இயந்திரத்தனமான பயன்பாடும் மிகைப் பயன்பாடும் கீழ்ப் படிநிலைகளின் அடையாளங்கள். பட்டியலை நம்பி உயர் மதிப்பெண்ணை நாடுகிறவர், தம்மைக் கீழே இறக்கும் பழக்கத்தையே வளர்த்துக்கொள்கிறார்.

தமிழ் பேசும் மாணவருக்கு இதில் தனிச் சிக்கலும் உண்டு, தனி வசதியும் உண்டு. ‘மழை பெய்ததால்’, ‘பெய்தாலும்’, ‘பெய்தபோது’, ‘பெய்யாவிட்டால்’ என்று காரணம், மாற்று, காலம், நிபந்தனை அனைத்தையும் தமிழ் வினையின் ஈற்றிலேயே வைக்கிறது. பள்ளிக்கு வருமுன்பே ஒரு குழந்தைக்கு இந்த உறவுகள் துல்லியமாகத் தெரியும். ஆங்கில வகுப்போ இந்த அறிவைப் பயன்படுத்தாமல், வாக்கியத் தலையில் வைக்கும் கனமான சொற்களை முதலில் நீட்டுகிறது. ‘ஆல்தோ’ என்று தொடங்கிய வாக்கியத்தில் ‘பட்’டையும் சேர்க்கும் பிழை பரவலாக இருப்பதற்கு, உறவைச் சொல்லித்தராமல் சொல்லை மட்டும் சொல்லித்தருவது ஒரு காரணம் என்பேன். வினையீற்றில் மாணவர் ஏற்கெனவே செய்யும் வேலையை ஆங்கிலத்தில் செய்பவை ‘பிகாஸ்’, ‘ஆல்தோ’, ‘வென்’, ‘அன்லெஸ்’ ஆகியவை. கற்பித்தல் அவற்றிலிருந்து தொடங்குவதே இயல்பு.

ஆகவே இந்தப் பழக்கத்தைக் கைவிடச் சொல்ல மாட்டேன். அதன் வரிசையை மாற்றச் சொல்வேன். முதலில் ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு கருத்துகளை உறவுபடுத்தும் பயிற்சி. அடுத்து, முந்தைய வாக்கியத்தின் கருத்தை எடுத்துக்கொண்டு புதியதை நோக்கி நகரும் பயிற்சி. ‘மோரோவர்’, ‘ஃபர்தர்மோர்’ போன்றவை கடைசியில் வந்தால் போதும். எழுதி முடித்த கட்டுரையில் ஒவ்வோர் இணைப்புச் சொல்லையும் நீக்கிப் படிக்க மாணவரைப் பழக்க வேண்டும். நீக்கியும் பொருள் மாறவில்லை என்றால் அது வேண்டாம். நீக்கினால் வாசகர் தவறாகப் புரிந்துகொள்வார் என்றால் அது இருந்தே ஆக வேண்டும். ஏன் இந்தச் சொல் என்று கேட்டால் மாணவர் தம் கருத்தைக் கொண்டு பதில் சொல்ல வேண்டும். பட்டியலைக் காட்டினால் அந்த வாக்கியம் இன்னும் யோசிக்கப்படவில்லை. ஆசிரியர் திருத்தத் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.