இரண்டாவது மேடை

தமிழில் புதிய நாடகப் பிரதிகளுக்குப் பஞ்சம் என்ற பேச்சு கல்லூரிக் கருத்தரங்குகளிலும் சிற்றிதழ்களிலும் ஓயாமல் கேட்கிறது. நாடகக் குழுக்களுக்கு எதைப் பரிந்துரைக்கலாம் என்று யோசிப்பவர்களும் இந்தப் புலம்பலிலிருந்தே தொடங்குகிறார்கள். எழுதும் போட்டி வைப்போம், பரிசு கொடுப்போம், இளைஞர்களுக்குப் பட்டறை நடத்துவோம் என்று யோசனைகள் வருகின்றன. எதுவும் தவறில்லை. ஆனால் கடந்த ஐம்பது ஆண்டுத் தமிழ் நாடகத்தைப் பார்த்தால் எழுதப்படாததைவிட, எழுதி ஒருமுறை மேடையேறி அத்தோடு கைவிடப்பட்டதே அதிகம் கண்ணில் படுகிறது. ஒரு குழு போட்ட நாடகத்தை இன்னொரு ஊரில் இன்னொரு குழு எடுத்துப் போடும் வழக்கம் நம்மிடம் வேர்விடவில்லை. எனவே நாடகப் பரிந்துரை என்ற காரியம் இன்று தமிழில் பயன்பட வேண்டுமானால், அது அரங்கேற்றத்துக்கான பரிந்துரையாக இருப்பதைவிட இரண்டாவது மேடைக்கான பரிந்துரையாக இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த நிலை வந்ததற்குக் காரணம் நவீன நாடகத்தின் தோல்வி அல்ல. ஒருவகையில் அதன் வெற்றிதான். 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிற்சி முகாம், அதே ஆண்டு தொடங்கிய கூத்துப்பட்டறை, 1978இல் ஞாநியின் பரீக்‌ஷா, 1980இல் வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் சென்னையை அடுத்த சோழமண்டலத்தில் நடத்திய பட்டறை என்று சில ஆண்டுகளுக்குள் தமிழ் நாடகத்தின் இலக்கணமே மாறியது. வசனத்தை ஒப்பிக்கும் நடிகர் போய் உடலால் பேசும் நடிகர் வந்தார். நாடகம் எழுத்தாளரின் மேசையிலிருந்து ஒத்திகைக் கூடத்துக்கு இடம்பெயர்ந்தது. லாபம் பெரிது. நஷ்டமும் கூடவே வந்தது: ஒத்திகையில் பிறந்த நாடகத்துக்கு அந்த நடிகர்களும் நெறியாளரும் இல்லாமல் தனி உயிர் கிடையாது. முருகபூபதியின் மணல்மகுடி நாடக நிலத்தின் ஆக்கங்களை எடுத்துக்கொள்ளலாம். அவற்றின் அடர்த்தி ஐயத்துக்கு இடமில்லாதது; ஆனால் ‘செம்மூதாய்’ போன்ற ஒன்றை வேறொரு குழு பிரதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போட முடியுமா என்றால் கடினம்தான். அது குறை அல்ல, அந்தக் கலையின் இயல்பு. ஆனால் மொத்த நவீன நாடகமும் இந்த இயல்பையே பொது விதியாக வரித்துக்கொண்டபோது, தனியாக எழுதப்பட்ட பிரதிகளும் அதில் அடிபட்டுப் போயின. கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமியின் ‘காலம் காலமாக’ அந்தக் குழுவுக்கு முன்பே, 1960களின் கடைசியில் ‘நடை’ இதழில் அச்சானது. அதாவது ஒரு குழுவுக்காக எழுதப்பட்டதே அல்ல. இருந்தும் முத்துசாமியின் நாடகங்கள் என்றால் கூத்துப்பட்டறையின் நாடகங்கள் என்றே நினைவு பதிந்துவிட்டது. அக்குழுவுக்கு வெளியே அவை போன தூரம் குறைவு.

நகரச் சபாக்களில் நடக்கும் சபா நாடகம் நவீன நாடகத்துக்கு நேர் எதிர் என்று இரு தரப்புமே நம்புகின்றன. ஆனால் நாடகத்தைக் குழுவோடு கட்டிப்போடும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒன்றுதான். சோவின் ‘முகமது பின் துக்ளக்’, கிரேசி மோகனின் ‘சாக்லேட் கிருஷ்ணா’ ஆகியவை ஆசிரியரும் நடிகரும் குழுவும் ஒன்றாகக் கலந்த பண்டங்கள். நட்சத்திரம் விலகினால் நாடகமும் விலகும். எப்போதாவது மறுபடி போடப்பட்டாலும் அஞ்சலிக் கூட்டத்தின் தொனி வந்துவிடுகிறது. கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ 1980இல் மேடையேறியது. அடுத்த ஆண்டே பாலசந்தர் அதைப் படமாக்கினார். இன்று அந்தக் கதை நடக்கும் அத்திப்பட்டி என்றால் திரைதான் நினைவுக்கு வருகிறது, மேடை வருவதில்லை. குடிநீருக்காக ஒரு கிராமம் அரசோடு மோதும் அந்தக் கதைக்கு ஊருக்கு ஊர் ஒரு குழு கிடைத்திருக்க வேண்டாமா?

தமிழ் மரபே இப்படித்தான், நிகழ்த்துதல்தான் நமக்கு முக்கியம், பிரதி மேல்நாட்டுச் சமாச்சாரம் என்று ஒரு பதில் உண்டு. இந்தப் பதிலுக்கு ஸ்பெஷல் நாடகம் ஒன்றே போதுமான மறுப்பு. சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தார். அவருடைய ‘வள்ளி திருமணம்’ இன்றும் தென் மாவட்டத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிறது. எந்தக் குழுவுக்கும் அது சொந்தமில்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும் பபூன் மூன்றாவது ஊரிலிருந்தும் வருவார்கள். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் தனித்தனியாக ஏற்பாடாவார்கள். ஒத்திகையே இல்லாமல் அன்றிரவு சந்தித்து அன்றிரவே நடிப்பார்கள். எல்லோருக்கும் பாடம் தெரியும் என்ற ஒரே ஏற்பாட்டில் அந்த நாடகம் நூறாண்டைத் தாண்டி நிற்கிறது. அந்த இரவில் நடிகரின் சாமர்த்தியத்துக்கும் வழக்காடலுக்கும் கொடுக்கப்படும் இடம் சிறியதல்ல. ஆனால் பொதுவான பிரதி இருப்பதால்தான் அந்தச் சாமர்த்தியத்தை இரண்டு வள்ளிகளுக்கு இடையே பார்வையாளர் ஒப்பிட முடிகிறது. தெருக்கூத்திலும் இதே நியாயம்தான்: ‘கர்ண மோட்சம்’ எந்த ஜமாவுக்கும், அதாவது எந்தக் கூத்துக் குழுவுக்கும், தனியுடைமை அல்ல. நாடகத்தைக் குழுவோடு கட்டிப்போட்டது மரபல்ல. இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் நாம் கற்றுக்கொண்ட பழக்கம்.

பிரதி கைமாறினால் என்ன நடக்கும் என்பதற்கு அண்டை மொழியிலேயே சான்று இருக்கிறது. கிரீஷ் கர்னாட் 1964இல் கன்னடத்தில் ‘துக்ளக்’ எழுதினார். பத்தாண்டுக்குள் தில்லியில் தேசிய நாடகப் பள்ளி வழியாக ஹிந்துஸ்தானியிலும், பம்பாயில் ஆங்கிலத்திலும் அது மேடையேறிவிட்டது. நெறியாளர் அல்காசி அதைத் தில்லியின் புராணா கிலா கோட்டையின் இடிபாடுகளுக்கிடையே போட்டபோது நாடகம் வேறொன்றாக விரிந்தது. விஜய் தெண்டுல்கர், மோகன் ராகேஷ், பாதல் சர்க்கார் ஆகியோரின் பெயர்கள் ஒரே மூச்சில் சொல்லப்படுவதற்குக் காரணமும் இந்தக் கைமாற்றம்தான். அவர்களை ஒரு தலைமுறையாக்கியது மொழிபெயர்ப்பாளர்களும் இரண்டாவது, மூன்றாவது நெறியாளர்களும். அதே தரத்தில் வைக்கத் தக்க இந்திரா பார்த்தசாரதியின் ‘ஔரங்கசீப்’ கே. எஸ். ராஜேந்திரனின் நெறியாள்கையில் ஹிந்தியில் தில்லியைச் சென்றடைந்தது. தமிழகத்து மாவட்டத் தலைநகரங்களைத்தான் அது சென்றடையவில்லை. கர்நாடகத்தில் ஹெக்கோடு என்னும் சிற்றூரின் நீநாசம் 1985இல் ‘திருகாட்ட’ என்ற பயணக் குழுவைத் தொடங்கி, ஆண்டுதோறும் சில நாடகங்களை ஊர் ஊராகக் கொண்டுபோகிறது. அவற்றில் பல ஏற்கெனவே வேறு யாரோ போட்டவை. கன்னடப் பார்வையாளர் ஒரே நாடகத்தை இரண்டு கண்களால் பார்த்துப் பழகியவர். நம்மவருக்கு அந்த வாய்ப்பே தரப்படவில்லை.

பணமும் அரங்கமும் தாராளமாக உள்ள அமெரிக்காவிலும் இதே நோய் இருந்தது என்பது சற்று ஆறுதல். அங்கே ஒவ்வோர் அரங்கமும் ‘உலக முதல் மேடையேற்றம்’ என்ற பெருமைக்குப் போட்டியிட்டதில், இரண்டாவது அரங்கம் கிடைக்காமல் நல்ல நாடகங்கள் முடங்கின. 1998இல் உருவான தேசிய புதிய நாடக வலையமைப்பு இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி கண்டது: குறைந்தது மூன்று அரங்கங்கள் ஓராண்டுக்குள் ஒரே நாடகத்தைத் தனித்தனியாகப் போட ஒப்புக்கொள்ளும், மூன்றுமே அதை முதல் மேடையேற்றம் என்று சொல்லிக்கொள்ளலாம். பெருமையைப் பங்கு போட்டதும் தடை உடைந்தது. அதே வலையமைப்பு பின்னர் பிரதிகளுக்கான இணையக் களஞ்சியம் ஒன்றையும் அமைத்தது. நடிகர் எண்ணிக்கை முதலிய நடைமுறைத் தகவல்களை வைத்து அதில் தேடலாம். படித்தவர்கள் தங்கள் பரிந்துரையைப் பதிவுசெய்யலாம். நம்முடைய குழுக்களுக்கு அந்த நிதி ஆதாரம் இல்லை என்பது உண்மை. ஆனால் மதுரையிலும் புதுச்சேரியிலும் சென்னையிலும் மூன்று குழுக்கள் ஒரே ஆண்டில் ஒரே பிரதியை எடுப்பதென்று பேசிக்கொள்வதற்கு நிதி எதுவும் தேவையில்லை.

எந்தப் பிரதியை? பரிந்துரை என்றால் ‘அருமையான நாடகம்’ என்று சொல்லிவிட்டுப் போவதல்ல. எத்தனை பேர் வேண்டும், அதில் பெண்கள் எத்தனை பேர், பாட்டு இல்லாமல் நிற்குமா, மூலக் குழுவின் கையெழுத்து எங்கே முடிந்து பிரதி எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்ல வேண்டும். இந்த அளவுகோலில் முதலில் வருவது இன்குலாபின் ‘ஔவை’. அ. மங்கையின் நெறியாள்கையில் 1990களின் இறுதியில் மேடையேறிய இது, இன்றும் அந்த மேடையாக்கத்தோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது. ஆனால் பிரதியின் பலம் தனியானது. ஜெமினி தயாரித்த படத்தில் கே. பி. சுந்தராம்பாள் பதித்துவிட்டுப் போன நீறு பூசிய மூதாட்டியை விலக்கி, அதியமானோடு கள்ளருந்தி, அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போன சங்க காலப் பாடினியை இன்குலாப் முன்னிறுத்துகிறார். நீதி சொல்லும் கிழவியாக ஆக்கப்பட்டால்தான் ஒரு பெண்கவியை நம் சமூகம் ஏற்றுக்கொள்ளும் என்ற குற்றச்சாட்டு வசனத்தில் இல்லை. ஔவையின் நடையிலும் பசியிலும் ஊர் ஊராகப் போகும் சுதந்திரத்திலும் இருக்கிறது. விறலியர் கூட்டமாக நான்கு பெண்கள் கிடைக்கும் எந்தக் கல்லூரிக் குழுவும் இதைத் தொடலாம். பறையும் பாட்டும் அந்தந்த வட்டாரத்ததாக மாறினால் இன்னும் நல்லது.

இரண்டாவது, குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘எந்தையும் தாயும்’. யாழ்ப்பாணத்தில் 1985இல் ‘மண் சுமந்த மேனியர்’ மூலம் பெருங்கூட்டத்தைத் திரட்டிய அதே ஆசிரியர், 1990களில் குரலைத் தாழ்த்தி எழுதிய நாடகம் இது. பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட வீடுகளில் எஞ்சியிருக்கும் முதியவர்கள்தான் இதன் மாந்தர். போர் ஒருபோதும் மேடைக்கு வருவதில்லை. அது உண்டாக்கிய காலியிடம்தான் மேடை. தமிழகத்தில் இதைப் போடுவதற்கு ஈழத்து வழக்கு தடை என்பார்கள். வழக்கை மாற்றக் கூடாது, நடிகர் கற்றுக்கொள்ள வேண்டும். அந்த உழைப்பே நாடகத்தின் பாதி. கே. ஏ. குணசேகரனின் ‘பலி ஆடுகள்’ மூன்றாவது. சாதி ஒடுக்குமுறையைச் சொல்வதோடு நில்லாமல், ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளே பெண் எங்கே நிறுத்தப்படுகிறாள் என்றும் கேட்டது அது. தலித் அரங்கம் பற்றிய பாடங்களில் தவறாமல் இடம்பெறும் பெயர், மேடைகளில்தான் காணோம். ‘ஔரங்கசீப்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: ஆட்சிக்காக மதமா, மதத்துக்காக ஆட்சியா என்று சகோதரர்கள் மோதும் பிரதி இன்று போடப்படாமல் இருப்பதற்குத் துணிச்சல் குறைவைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இவை புதியவையா என்ற கேள்வி நியாயமானது. முப்பது ஆண்டுப் பழைய பிரதிகளைத் தூசி தட்டிக்கொண்டிருந்தால் இன்று எழுதுகிறவர் எங்கே போவார்? ஆனால் இன்று நாடகம் எழுத வருபவர் ஏன் சிறுகதைக்கும் திரைக்கதைக்கும் போய்விடுகிறார் என்று பார்க்க வேண்டும். தன் நாடகம் இரண்டே மேடையேற்றங்களோடு முடிந்து, அதுவும் நெறியாளரின் பெயரில் நினைக்கப்படும் என்று தெரிந்த பிறகு அவர் மூன்றாவது நாடகத்தை எழுத மாட்டார். தன்னைப் பார்த்தேயிராத ஒருவர் தன் பிரதியை எடுத்துப் போடும்போதுதான் ஒரு நாடகாசிரியருக்குத் தன் எழுத்தில் எது நின்றது, எது பழைய நடிகரின் திறமையில் ஒளிந்திருந்தது என்று தெரிகிறது. எழுதுபவரை உருவாக்குவதற்கும் வழி இதுதான். போட்டிப் பரிசு முதல் நாடகத்தைத்தான் வாங்கித் தரும்.

கதைகளைத் தழுவிப் போடலாமே என்பது இன்னொரு மறுப்பு. பாமாவின் கதையிலிருந்து கட்டியக்காரி குழு உருவாக்கிய ‘மொளகாப் பொடி’ போன்றவை அந்த வழியின் வீரியத்தைக் காட்டுகின்றன. அதை மறுப்பது அசட்டுத்தனம். என்றாலும் தழுவல்களில் பெரும்பாலானவை அச்சுக்கு வருவதில்லை. கதை நூலகத்தில் இருக்கும், நாடகம் நடிகர்களின் நினைவில் இருக்கும். 1990களில் வெளி ரங்கராஜனின் ‘வெளி’ இதழ் நாடகப் பிரதிகளை அச்சிட்டு இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது. அதற்குப் பின் அந்த வேலையை விடாமல் செய்தவர் இல்லை. அச்சுக்கு வராவிட்டாலும் பிரதி ஓர் இடத்துக்குக் கட்டாயம் போனது: 1954ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாதவையாக்கும்வரை, மேடையேற்றத்துக்கு முன்பு பிரதியைக் காவல் துறையிடம் காட்டி அனுமதி பெற வேண்டியிருந்தது. தமிழ் நாடகப் பிரதிகளை ஒன்றுவிடாமல் கேட்டு வாங்கிய ஒரே வாசகர் போலீஸ்காரர்தான் என்று சொன்னால் அதில் கேலி பாதி, வருத்தம் பாதி.

கடைசியாக நடைமுறைச் சிக்கல் ஒன்று. மேலே சொன்ன நாடகங்களில் ‘எந்தையும் தாயும்’ போன்றவற்றுக்கு வயதான நடிகர்கள் வேண்டும். நவீனக் குழுக்களில் இருப்பவர்களோ பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள். இளைஞருக்கு நரைமுடி ஒட்டிச் சமாளித்தால் அந்த நாடகம் கெட்டுப்போகும். ஆனால் மதுரையிலும் புதுக்கோட்டையிலும் ஸ்பெஷல் நாடகச் சங்கங்களில், ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் ஆடி ஓய்ந்த அறுபது வயதுக் கலைஞர்கள் இருக்கிறார்கள். முன்பின் அறியாதவரோடு மேடையில் நின்று பிரதியைக் காப்பாற்றுவது அவர்களுக்கு ஆயுள் பழக்கம். திருவிழாக் காலம் முடிந்த மாதங்களில் அவர்களுக்கு நாள் ஒழிவும் உண்டு. அவர்களிடம் கேட்க வேண்டியது தேதியும் சம்பளமும்தான்.